மணல் திட்டு இருக்கும்வரை

25 மே 2025, ஞாயிறு

காலை 4:45-க்குத் திருவான்மியூரிலிருந்து கிளம்பினேன். ஈசிஆரில் அந்த நேரத்தில் பால் வண்டிகளும் சைக்கிள் ஓட்டுகிறவர்களும்தான். கோவளத்தில் ஏற்கெனவே பத்திருபது பேர் போர்டுகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். எனக்கு அலைமேல் நிற்கச் சொல்லிக்கொடுத்த ஊர் அது. மீனவரான மூர்த்தி மேகவன் அங்கே சர்ஃபிங் கற்றுக்கொடுக்க ஆரம்பிக்காமல் இருந்திருந்தால், என்னைப் போன்ற சென்னைக்காரர்கள் பலர் இன்னும் கால் நனைத்துவிட்டு சுண்டல் வாங்கிக்கொண்டுதான் திரும்பியிருப்போம். ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே ஒரு அலைக்கு நான்கு பேர். வண்டியை நிறுத்தாமல் தெற்கே போனேன்.

மாமல்லபுரத்துக்கு முன்னால், ஒரு சவுக்குத் தோப்பை ஒட்டி மண் பாதை ஒன்று கடலுக்குப் போகிறது. பத்துப் பதினைந்து ஃபைபர் படகுகள், வலை காயப்போட்ட மூங்கில்கள், மணல் முழுக்க அடம்பங்கொடி. தண்ணீரில் ஒரு ஆள் இல்லை. இடுப்பு உயர அலை, கண்ணாடி போல வந்து, கரையைப் பார்த்து அலைமேல் வருபவருக்கு வலப்பக்கமாக, அதாவது வடக்கே பார்த்து, உடைந்துகொண்டே போனது. ஒன்றரை மணி நேரத்தில் ஒன்பது அலை. ஒன்றைக்கூட யாரோடும் பங்கு போடவில்லை.

கேரளத்தில் நேற்றே பருவமழை தொடங்கிவிட்டது. 2009-க்குப் பிறகு இவ்வளவு சீக்கிரம் வந்தது இந்த வருடம்தான். நமக்கு வரும் நல்ல அலைகளின் ஊர் அதைவிடத் தூரம்: இந்துமாக் கடலின் தென்கோடியில் அடிக்கும் புயல்காற்று கிளப்பிவிடும் அலைகள் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடந்து, இலங்கையைச் சுற்றிக்கொண்டு இங்கே வந்து சேர்கின்றன. கிளம்பிய காற்று எப்போதோ அடங்கியிருக்கும். அலை மட்டும் நடந்துகொண்டே இருக்கும்.

ஊர்ப் பெயரை எழுதப் போவதில்லை. காரணம் பிறகு சொல்கிறேன்.

7 ஜூன், சனி

கை நடுங்காமல் எழுத முடிகிறதா என்று பார்க்கத்தான் இதை இப்போதே எழுதுகிறேன்.

5:50-க்கு இறங்கினேன். அவசரம். போன முறையைவிட அலை பெரிது, நெஞ்சளவு. கரையில் நின்று பார்க்கவே இல்லை. அலை அதிகம் உடையாத ஓர் இடம் தெரிந்தது, போர்டில் படுத்துக் கையால் துழாவிக்கொண்டு அதன் வழியே போனேன். இரண்டு நிமிடத்தில் வெளியே போய்விட்டேன், தலைமுடிகூட நனையவில்லை. அதிர்ஷ்டம் என்று நினைத்தேன்.

மூன்றாவது அலையில் விழுந்தேன். காலில் சட்டென்று ஒரு வெட்டு, அப்புறம் கால் லேசாகிவிட்டது. போர்டைக் காலோடு கட்டும் கயிறு, லீஷ், அறுந்திருந்தது. போர்டு நுரையோடு கரைக்குப் போய்விட்டது. சரி, நீந்திப் போகலாம் என்று நேராகக் கரையைப் பார்த்து நீந்தினேன். ஊரின் மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டி கண்ணுக்கு நேரே இருந்தது. ஐம்பது முறை கையை வீசியிருப்பேன். நிமிர்ந்து பார்த்தால் தொட்டி அதே அளவில்தான் இருந்தது. மறுபடி ஐம்பது. இப்போது கொஞ்சம் சின்னதாகத் தெரிந்தது.

அந்த நிமிடத்தில் மூச்சு முறை தவறிப்போனது. நீச்சல் தெரியும் என்பது மறந்தேபோனது.

கரையில் ஒரு பெரியவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து வீசினார். கிட்ட வா என்று அல்ல. வடக்குப் பக்கமாக, திரும்பத் திரும்ப, வடக்குப் பக்கமாக. கரைக்கு இணையாக வடக்கே நீந்தினேன். நாற்பது ஐம்பது மீட்டர்தான் இருக்கும். திடீரென்று முதுகில் நுரை மோதியது. அடுத்த அலை தள்ளியது, அதற்கடுத்தது இன்னும் தள்ளியது. காலில் மணல் தட்டியபோது முழங்கால் மடங்கி அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

போர்டை எடுத்து, மெழுகு உருகாமல் இருக்கப் படகின் நிழலில் கவிழ்த்து வைத்திருந்தார். திட்டவில்லை. தண்ணீர் பாட்டிலைக் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னார்: “நீ எறங்குன எடம் எங்க படகு எறங்குற எடம்மா. அங்க அலை ஒடையாது, சுளுவா வெளிய போயிடலாம். ஆனா திரும்பி வர்றதுக்கு அது வழி இல்ல.”

15 ஜூன், ஞாயிறு

ஒரு வாரம் கடல் பக்கமே போகவில்லை. இன்று போர்டை வண்டியிலேயே வைத்துவிட்டுப் பெரியவரிடம் போனேன். நேற்றோடு 61 நாள் தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் கடலுக்குப் போய்விட்டன. இங்கே இருப்பதெல்லாம் ஃபைபர் படகுகள், தடை இவற்றுக்கு இல்லை. அவர் எப்போதும்போல வலை பிரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“அண்ணே, கடல் பார்க்கச் சொல்லிக் குடுங்க” என்றேன்.

“ஒக்காந்து பாரு. நுரை எங்க ஒடையல?”

காட்டினேன்.

“அங்கதான் தண்ணி வெளிய போவுது. இப்ப அந்த எடத்துல தண்ணி கலரு பாரு.”

சுற்றியிருந்த தண்ணீரைவிட அந்த ஒரு பட்டை கறுத்திருந்தது. அதன்மேல் கலங்கிய மணலும் ஒரு காய்ந்த ஓலையும் கடலை நோக்கி மெல்லப் போய்க்கொண்டிருந்தன. ஓலையை நான் கவனிக்கவில்லை. அவர்தான் காட்டினார். ஆள் நடக்கும் வேகம்கூட இல்லைபோல் இருந்தது. ஆனால் அதை எதிர்த்துத்தான் நூறு முறை கை வீசியிருக்கிறேன்.

புத்தகத்தில் படித்தது இப்போதுதான் கண்ணில் புரிந்தது. அலை தன் உயரத்தைப் போல ஒன்றேகால் மடங்கு ஆழத்துக்கு வரும்போது உடைகிறது. நான்கடி அலை ஏறத்தாழ ஐந்தடித் தண்ணீரில் உடையும். ஆகவே வெள்ளைக் கோடு எங்கெல்லாம் போகிறதோ அதுதான் அடியில் இருக்கும் மணல் திட்டின் வரைபடம். திட்டைத் தாண்டி உள்ளே வந்து சேரும் தண்ணீர் எல்லாம் எங்காவது வெளியேற வேண்டும். இரண்டு திட்டுகளுக்கு நடுவே உள்ள பள்ளம்தான் அதற்கு வாசல். கோவளத்தில் பாறை இருக்கிறது, அது இடம் மாறாது. இங்கே எல்லாமே மணல்.

தெற்கிலிருந்து வடக்கே ஓடும் நீரோட்டத்துக்கு இங்கத்து மீனவர்கள் தெண்டி என்கிறார்கள். வடக்கிலிருந்து தெற்கே வருவது வன்னி. இன்று தெண்டி. கரையில் இரண்டு அடையாளத்தை ஒன்றன்பின் ஒன்றாக நேர்கோட்டில் வைத்துக்கொள் என்றார். கடலுக்குள் பார், அதாவது மீன் கூடும் பாறைத் திட்டு, இருக்கும் இடத்தை மீனவர்கள் கண்டுபிடிப்பதும் இப்படித்தான். தண்ணீர்த் தொட்டியும் ஒற்றைப் பனையும் என் அடையாளங்கள். பனை தொட்டியை விட்டு விலகினால் நான் இழுபடுகிறேன் என்று அர்த்தம்.

இன்னொன்று. போன வருடம் மே மாதம் கன்னியாகுமரி மாவட்டத்தில் ஐந்து மருத்துவ மாணவர்களை அலை இழுத்துக்கொண்டு போனது. கள்ளக்கடல் என்கிறார்களே, அது. உள்ளூரில் காற்றே இருக்காது, தூரத்து அலை திடீரென்று பெருகும். அதைப்பற்றி ஐதராபாத்தில் இருக்கும் கடல் தகவல் மையமான இன்காய்ஸ் முன்னெச்சரிக்கை கொடுக்கிறது. இனி கிளம்பும் முன் அதைப் பார்ப்பேன். தனியாகவும் இறங்க மாட்டேன். அலுவலகத் தோழி ஒருத்தி வருவதாகச் சொல்லியிருக்கிறாள்.

28 ஜூன், சனி

இன்று போல ஒரு நாள் எனக்கு இதற்கு முன் வாய்த்ததில்லை.

வண்டியை நிறுத்தியதும் கண்ணாடியை இறக்கிச் சவுக்கைக் கேட்டேன். மேற்கிலிருந்து, நிலத்திலிருந்து, மெல்லிய இரைச்சல். கரைக்காற்று. அது அலையின் முகத்தை எதிரிலிருந்து தாங்கிப் பிடிக்கும், சீக்கிரம் கவிழ விடாது. பகல் ஏற ஏற நிலம் சூடாகிக் கடற்காற்று புகுந்துவிடும், அதோடு எல்லாம் கலங்கிவிடும். நமக்குக் கிடைப்பது விடிந்ததிலிருந்து மூன்று மணி நேரம்.

இருவரும் கால் மணி நேரம் உட்கார்ந்து பார்த்தோம். திட்டு தொட்டிக்கு நேரே, படகுத் துறைக்கு வடக்கே இருந்தது. எண்ணினோம்: நான்கு பெரிய அலை, பிறகு ஏழெட்டு நிமிடம் சும்மா. ஓய்ந்த நேரத்தில் இறங்கினோம்.

அந்த ஓர் அலையைப் பற்றி எழுதிவிடுகிறேன். தூரத்திலிருந்து வரும்போது வெறும் ஒரு கறுப்புக் கோடு. திட்டின் தெற்கு முனையைத் தொட்டதும் அந்த இடம் மட்டும் நிமிர்ந்தது. திரும்பி நான்கு முறை கையால் தண்ணீரை வலித்தேன். போர்டின் வால் தூக்கியது, கை ஊன்றி எழுந்தேன், கீழே பார்த்தால் அடி மணலின் வரிகள் தெளிவாகத் தெரிந்தன, பெரியவர் காயப்போடும் வலையைப் போல. வலப்பக்கம் திரும்பினேன். எதிரே பச்சைச் சுவர், என் வலது கை விரல்கள் அதில் கோடு இழுத்துக்கொண்டே வந்தன. அதன் உதட்டிலிருந்து கரைக்காற்று பிய்த்தெடுத்த தூறல் பின்னால் பறந்தது. பத்து விநாடிதான் இருக்கும். பனையைத் தாண்டி, கரையோர மேட்டில் போர்டு தட்டும்வரை போனேன்.

தோழி நெத்திலிக் கூட்டத்தின் மேல் ஆலாப் பறவைகள் விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாளாம். அலையைப் பார்க்கவில்லை. பரவாயில்லை.

13 ஜூலை, ஞாயிறு

ஏன் ஊர்ப் பெயரை எழுதுவதில்லை என்று இதைப் படிப்பவர்கள் சிலர் கேட்டிருந்தார்கள். இது படகு இறங்கும் கரை. ஒரு ஃபைபர் படகு அலையைக் கடந்து வெளியே போக ஒரே ஒரு வழிதான், அதுவும் அலை ஓயும் அந்த ஏழெட்டு நிமிடம்தான். அந்த வழியில் பத்துப் பேர் போர்டில் உட்கார்ந்திருந்தால், கவிழப்போவது மீனவர்களின் பிழைப்பு. இன்று காலைகூட இயந்திரச் சத்தம் கேட்டதும் நாங்கள் இருவரும் நல்ல அலை ஒன்றை விட்டுவிட்டு வடக்கே ஒதுங்கினோம். இதில் எனக்கு இரண்டு எண்ணம் கிடையாது. சர்ஃபிங் செய்கிறவர்கள் இங்கே விருந்தாளிகள்.

தோழியின் கையில் சொறி, அதாவது ஜெல்லி மீன், பட்டுச் சிவந்துவிட்டது. கடல் தண்ணீரிலேயே கழுவினோம். நல்ல தண்ணீர் ஊற்றினால் எரிச்சல் கூடும்.

24 ஜூலை, வியாழன்

ஆடி அமாவாசை. கரை முழுக்கத் தர்ப்பணம் கொடுக்க வந்தவர்கள். போர்டை இறக்கவில்லை. அப்பாவுக்காக நானும் எள்ளும் தண்ணீரும் விட்டுவிட்டு அலுவலகத்துக்குப் போனேன்.

17 ஆகஸ்ட், ஞாயிறு

இந்த மாதம் மாமல்லபுரத்தில் ஆசிய சர்ஃபிங் போட்டி நடந்தது. ஆண்கள் பிரிவில் ரமேஷ் புதிஹால் வெண்கலம் வாங்கினார். ஆசியப் போட்டியில் தனிநபர் பிரிவில் இந்தியாவுக்கு அதுதான் முதல் பதக்கம். ஒரு நாள் விடுப்பு போட்டுப் போய்ப் பார்த்தேன். அவர்களில் பலர் இறங்குவதற்கு முன்னால் கைகட்டி நின்று கடலைப் பார்த்த நேரம் எனக்குப் பிடித்திருந்தது.

இன்று பெரியவரின் பேத்தி, எட்டாம் வகுப்பு, போர்டை ஒருமுறை தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்டாள். “தாத்தாவைக் கேளு கண்ணு” என்றேன். அவர் ரொம்ப நேரம் பேசவில்லை. இந்த ஊரில் பெண்பிள்ளைகள் கடலில் இறங்குவது வழக்கமில்லை. அப்புறம், “நுரையிலயே இருக்கட்டும். இடுப்புக்கு மேல வேணாம்” என்றார். இரண்டு பக்கமும் நாங்கள் நின்றோம். வயிற்றில் படுத்தபடியே மூன்று முறை கரைவரை வந்தாள். நான்காவது முறை வேண்டாம் என்று அவளே சொல்லி, போர்டில் ஒட்டிய மணலைக் கையால் துடைத்துவிட்டுப் போனாள்.

14 செப்டம்பர், ஞாயிறு

திட்டு நகர்ந்திருக்கிறது. தொட்டிக்கு நேரே உடைந்த அலை இப்போது பனைக்கும் வடக்கே உடைகிறது. நீரோட்டமும் தளர்ந்துவிட்டது. மார்ச் முதல் அக்டோபர்வரை இந்தக் கரையில் மணல் வடக்கே போகும், வாடை தொடங்கியதும் தெற்கே திரும்பும். மெரினாவின் மணலில் பெரும்பகுதி வடக்கே போகும் வழியில் சென்னைத் துறைமுகச் சுவர் மறித்து நிறுத்தியதுதான். அதற்கு வடக்கே ராயபுரத்துக் கரைக்கு அந்த மணல் போய்ச் சேரவில்லை, கடல் அரித்தது. என் திட்டும் அந்தப் பயணத்தில் சில வாரம் இங்கே தங்கிய மணல்தான். இன்று ஐந்து அலை, எல்லாம் சின்னது.

1 நவம்பர், சனி

மோந்தா புயல் ஆந்திரத்தில் கரையைக் கடந்த பிறகு இன்றுதான் வர முடிந்தது. படகுகளைச் சவுக்குத் தோப்புவரை இழுத்து ஏற்றியிருக்கிறார்கள். அடம்பங்கொடி இருந்த இடத்தில் மணல் செங்குத்தாக வெட்டுப்பட்டு, முழங்கால் உயரத்துக்கு ஒரு படி. அதன் விளிம்பில் அடம்பு வேர்கள் நூல் நூலாகத் தொங்கின. கடல் காப்பி நிறம்.

பெரியவர் பக்கத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்து பார்த்தேன். அலை எல்லாப் பக்கமும் ஒரே நேரத்தில் உடைந்தது, வரிசையே இல்லை. கிளை ஒன்று மிதந்து தெற்கே போனது.

“வன்னியா அண்ணே?”

“ஆமா. மாறிடுச்சு.”

“பள்ளம் பழைய எடத்துல இல்ல. அதோ, பனைக்கு நேரே கறுப்பா தெரியுதே, அதுதானே?”

கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தார். “அது மேகத்து நெழலும்மா. இன்னும் கொஞ்சம் தெக்கால பாரு.”

மேகம் நகரும்வரை காத்திருந்தேன். நிழல் போனது. அதற்குத் தெற்கே, நான் இரண்டு முறை பார்த்தும் விட்டுவிட்ட இடத்தில், ஒரு பட்டைத் தண்ணீர் உடையாமல் வெளியே போய்க்கொண்டிருந்தது.

வண்டிக் கூரையில் கட்டிய கயிற்றை அவிழ்க்காமலே வீட்டுக்கு வந்தேன்.