டிராக்கன்ஸ்பெர்க்கில் ஆடிக் குளிர்: டென்டுக்குள் தூங்குவது எப்படி

இந்தியாவில் மார்கழிக் குளிர் என்பார்கள். தென்னாப்பிரிக்காவில் நமக்கு ஆடிக் குளிர். மாரியம்மனுக்குக் கஞ்சி ஊற்றும் நாட்களை ஒட்டித்தான் பள்ளி விடுமுறையும் வருகிறது. டர்பனின் புறநகர்களான சாட்ஸ்வொர்த்திலிருந்தும் ஃபீனிக்ஸிலிருந்தும் டென்டைக் கட்டிக்கொண்டு குடும்பங்கள் டிராக்கன்ஸ்பெர்க் மலைக்குக் கிளம்பும் காலம் இதுதான். கடலோர டர்பனின் லேசான குளிருக்குக் கட்டிய மூட்டையோடு போவதில்தான் தொல்லை தொடங்குகிறது. 1,000 மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறத்தாழ 6 டிகிரி இறங்கும். ராயல் நேட்டால் தேசியப் பூங்காவின் மஹாய் முகாம் 1,400 மீட்டர் வாக்கில் இருக்கிறது, சானி கணவாயின் உச்சி 2,876 மீட்டர். குளிர்காலத்தில் அங்கே வானம் துடைத்துவிட்டதுபோல் இருக்கும். மேகம் இல்லாத இரவில் தரையின் சூடெல்லாம் மேலே போய்விடும், விடியும்போது புல் வெள்ளையாக உறைந்து கிடக்கும்.

நம்மவர்கள் போர்வையை மேலே அடுக்கிக்கொண்டே போவார்கள். முதுகு மட்டும் சில்லென்றே இருக்கும். காரணம் தரை. ஸ்லீப்பிங் பேக் சூடு காப்பது அதன் பஞ்சுக்குள் நிற்கும் காற்றால். உடம்பின் பாரத்தில் அடிப்பக்கம் நசுங்கிவிட்டால் அங்கே காப்பு என்று எதுவும் மிஞ்சாது. ஆகவே காசு செலவழிப்பதாக இருந்தால் முதலில் கீழே பாய்போல் விரிக்கும் ஸ்லீப்பிங் மேட்டுக்குச் செலவழியுங்கள்.

மேட்டின் அட்டையில் ஆர் மதிப்பு (R-value) என்று ஒரு எண் இருக்கும், சூடு தரைக்குப் போவதை மேட் எவ்வளவு தடுக்கும் என்பதன் அளவு அது. கூடினால் நல்லது. மடக்குகிற தடித்த ஃபோம் மேட் ஒன்றுக்குச் சுமார் 2. இரவு பூஜ்ஜியத்தை ஒட்டி இறங்கும் இடங்களுக்கு 4 வேண்டும், சானி உச்சிப் பக்கம் 5க்கு மேல். ஒன்றன் மேல் ஒன்றாகப் போட்டால் இந்த எண்களைக் கூட்டிக்கொள்ளலாம், எனவே விலை கூடிய ஒன்றுக்குப் பதில் சாதாரண மேட் இரண்டும் போதும். பம்ப் வைத்து ஊதும் பெரிய இரட்டை மெத்தைதான் இருப்பதிலேயே மோசம். உள்ளே இருக்கும் காற்று சுழன்று சுழன்று உங்கள் சூட்டைத் தரைக்குக் கொண்டுபோய்விடும். அதில்தான் படுப்பேன் என்றால், ஃபோம் மேட்டையோ தடித்த கம்பளியையோ மெத்தைக்கு மேலே, உடம்புக்கு நேர் கீழே விரியுங்கள். லெசோத்தோவின் பசோத்தோ கம்பளி இதற்குப் பிரமாதம். ஆட்டுரோமம் அழுத்தினாலும் பஞ்சளவுக்கு நசுங்காது.

ஸ்லீப்பிங் பேக்கில் மூன்று அளவுகள் அச்சிட்டிருப்பார்கள்: கம்ஃபர்ட், லிமிட், எக்ஸ்ட்ரீம். கடைக்காரர் பெருமையாகக் காட்டுவது எக்ஸ்ட்ரீம். அது உயிர் தப்புவதற்கான கணக்கு, தூங்குவதற்கானது இல்லை. கம்ஃபர்ட் எண்ணை மட்டும் பாருங்கள், எதிர்பார்க்கும் குளிரைவிட அது 5 டிகிரி கீழே இருக்கட்டும். பிள்ளைகளைப் பெரியவர்களின் பேக்கில் படுக்க வைத்தால் கால்பக்கம் காலியாக இருக்கும். அந்தப் பகுதியை மடக்கிக் கயிற்றால் கட்டிவிடுங்கள். தலையை உள்ளே இழுத்து மூச்சு விடுவது கூடாது. மூச்சின் ஈரம் பஞ்சில் இறங்கும். குல்லா போட்டு, மூக்கும் வாயும் மட்டும் வெளியே தெரியும்படி கழுத்துக் கயிற்றை இறுக்குங்கள். பகலில் போட்ட பருத்தி டிராக்சூட்டோடு படுக்காதீர்கள், அதில் வேர்வை இருக்கும். உலர்ந்த உள்ளாடை, உலர்ந்த கம்பளிக் காலுறை, மேலே ஒரு ஃப்ளீஸ் (மெத்தென்ற குளிர்ச்சட்டை) போதும். இறுக்கமாக நாலு சட்டை மாட்டினால் ரத்தம் ஓடாது, கால்விரல்தான் முதலில் விறைக்கும்.

டென்ட் அடிக்கும் இடம் பாதி வேலை. ஆற்றோரம் பார்க்க அழகு, ராத்திரியில் குளிர்க்காற்று தண்ணீரைப்போல் வழிந்து அங்கேதான் தேங்கும். கரையிலிருந்து கொஞ்சம் மேடேறிப் போனாலே வித்தியாசம் தெரியும். மரத்தடி இன்னும் நல்லது, அங்கே பனி குறைவாகப் படியும் (காய்ந்த கிளை தலைக்கு மேல் தொங்குகிறதா என்று நிமிர்ந்து பாருங்கள்). எட்டுப் பேர் டென்டில் நாலு பேர் படுத்தால் மீதி இடத்தையும் உங்கள் உடம்புதான் சூடாக்க வேண்டும். பெட்டிகளைச் சுவரோரம் அடுக்கி நிரப்புங்கள். ஆனால் காற்றுத் துளைகளை அடைக்காதீர்கள். அடைத்தால் மூச்சின் ஈரம் துணியில் படிந்து விடியற்காலை மழையாகச் சொட்டும். மேலே ஒன்று, கீழே ஒன்று திறந்திருக்கட்டும்.

பெர்க் காற்று சூடாக வீசினால் ஏமாந்துவிடாதீர்கள். மலையிலிருந்து இறங்கும் அந்த வறண்ட காற்றுக்குப் பின்னாலேயே பெரும்பாலும் குளிர்முகம் (குளிர்ந்த காற்றுத்திரளின் முன்விளிம்பு) வரும், ஒரே நாளில் நிலைமை தலைகீழாகும். வசந்தம் வந்துவிட்டதே என்றும் நம்ப வேண்டாம். 2024 செப்டம்பரில் வான் ரீனன் கணவாய்ப் பக்கம் என்3 சாலையில் பனி கொட்டி வண்டிகள் ராத்திரி முழுக்க சிக்கிக் கிடந்தன.

இனி நெருப்பு. பிராய் (கரியில் இறைச்சி சுடுவது) முடிந்த தணலை ஒரு தகரத்தில் வாரி டென்டுக்குள் வைக்கும் பழக்கம் ஆளைக் கொல்லும். சாம்பல் பூத்து அணைந்ததுபோல் இருக்கும் கரியிலிருந்தும் கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு மணம் இல்லை, தூக்கத்திலேயே ஆள் போய்விடுவார். இம்பாவுலா என்ற துளையிட்ட தகரக் கணப்பும் அதே கதைதான், கேஸ் ஹீட்டரும் அடுப்பும் அப்படியே. துளையைத் திறந்து வைத்திருக்கிறோம் என்பது இதற்குச் சமாதானம் ஆகாது.

மின்சாரம் உள்ள முகாம் என்றால் 16 ஆம்பியர் நீல மூன்று முனைப் பிளக் கொண்டுபோக வேண்டும். 2,000 வாட் ஹீட்டர் ஒன்றே 9 ஆம்பியர் அளவு இழுக்கும், கூடவே கெட்டிலைப் போட்டால் டிரிப் ஆகும். டென்ட் துணிப் பக்கத்தில் ஹீட்டர் வைப்பது தீ விபத்துக்கும் வழி. எலெக்ட்ரிக் போர்வை எவ்வளவோ மேல்: படுக்குமுன் அரை மணி போட்டுவிட்டு அணைத்துவிடலாம். எக்ஸ்டென்ஷன் ரீலை முழுக்க அவிழ்த்து விடுங்கள், சுருட்டியபடியே விட்டால் சூடேறி உருகும். லோட் ஷெடிங் எப்போது தலைகாட்டும் என்று சொல்ல முடியாது, மின்சாரத்தை நம்பி மேட்டை வீட்டில் விட்டுவிடாதீர்கள்.

மின்சாரமே வேண்டாத நல்ல சூடு ஒன்று உண்டு. ஒரு லிட்டர் கெட்டிப் பாட்டிலிலோ ரப்பர் பையிலோ வெந்நீர் ஊற்றி, மூடியை இறுக்கி, கவிழ்த்து ஒழுகுகிறதா என்று பார்த்து, காலுறைக்குள் நுழைத்துத் தொடைகளுக்கு நடுவே வையுங்கள். பெரிய ரத்தக்குழாய் அங்கே போவதால் சூடு உடம்பு முழுக்கப் பரவும். ஃபிளாஸ்க் இதற்கு ஆகாது, சூட்டை வெளியே விடாது.

வெந்நீர் வைக்கும் கேஸ் கேட்ரிட்ஜும் குளிரில் மக்கர் பண்ணும். வெறும் பியூட்டேன் பூஜ்ஜியத்துக்கு அருகில் ஆவியாவதே இல்லை. புரொப்பேன் கலந்ததை வாங்குங்கள், ராத்திரி அதை ஸ்லீப்பிங் பேக்குக்குள் வைத்திருங்கள், செல்போனும் தண்ணீர் வடிகட்டியும் அதோடு. வடிகட்டிக்குள் நீர் உறைந்தால் அது வீண்.

படுக்கும் முன் நெய் விட்ட பருப்போ சுகர் பீன்ஸ் கறியோ ரொட்டியோடு வயிறாரச் சாப்பிடுங்கள். பிராந்தி முகத்தைச் சூடாக்குவதுபோல் காட்டி, உடம்பின் சூட்டைத் தோல்வழியே வெளியேற்றிவிடும். ஒன்றுக்குப் போய்விட்டு, பத்து நிமிடம் வேகமாக நடந்துவிட்டுப் படுங்கள். பேக் சூடாக்காது, நீங்கள் கொண்டுபோகும் சூட்டை வெளியே விடாமல் காக்கும், அவ்வளவுதான்.

காலையில் வெயில் ஏறியதும் பேக்கை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பிக் கயிற்றில் போடுங்கள். ஈரத்தோடு சுருட்டிக் கட்டினால் இரண்டாம் இரவு பஞ்சு எழும்பாது. இரண்டு மணி நேர மலை வெயில் போதும், அதற்குள் கஞ்சி காய்ச்சிவிடலாம்.