சீலோவாமுக்குப் போன வழியில் அவர் கூட வரவில்லை

எருசலேம் பயணம் என்றால் நம் சபைகளில் பெத்லகேம், கெத்செமனே, கல்வாரி, கலிலேயாக் கடல் என்றுதான் பேச்சு இருக்கும். பிறவிக்குருடன் ஒருவனின் கண்ணில் இயேசு சேற்றைப் பூசி, போய்க் கழுவச் சொன்ன சீலோவாம் குளம் "நேரம் இருந்தால் பார்க்கலாம்" என்ற வரிசையில் வரும். நாங்கள் 2019-இல் போனோம். யோர்தானில் தொடங்கி எகிப்தில் முடிகிற வழக்கமான சுற்றுதான். நான் விடாமல் கேட்டதால் வழிகாட்டி சீலோவாமுக்கு அரை நாள் ஒதுக்கினார்.

அம்மா இறந்த பிறகு எனக்கு ஜெபம் வறண்டுபோயிருந்தது. ஓய்வுநாள் பாடசாலையில் பாடம் நடத்தினேன், பாடகர் குழுவில் பாடினேன், திருவிருந்து எடுத்தேன். எதையும் நிறுத்தவில்லை. இரவில் முழங்கால் போட்டால் மட்டும், ஆள் இல்லாத வீட்டுக் கதவைத் தட்டுவதுபோல இருக்கும். யாரிடமாவது சொன்னால் உடனே ஏசாயா 59:2 வந்துவிடும்: "உங்கள் அக்கிரமங்களே உங்களுக்கும் உங்கள் தேவனுக்கும் நடுவாகப் பிரிவினை உண்டாக்குகிறது." ஏதோ மறைவான பாவம் இருக்கிறது, அறிக்கைபண்ணு என்பார்கள். வசனம் பொய்யில்லை. ஆனால் தோண்டித் தோண்டி அறிக்கைபண்ணிய பிறகும் அப்படியே இருப்பவர்களிடம் சொல்ல அவர்களிடம் அடுத்த வசனம் இருப்பதில்லை.

அன்று காலை முதலில் சீயோன் மலைச் சரிவில் உள்ள பேதுருவின் ஆலயத்துக்குப் போனோம். பேதுரு ஆண்டவரை மறுதலித்தபோது சேவல் கூவிய சம்பவத்தின் நினைவாகக் கட்டியது. கூரையில் பொன்னிறச் சேவல் ஒன்று நிற்கிறது. பிரதான ஆசாரியன் காய்பாவின் வீடு இருந்த இடம் என்பது பாரம்பரியம். அடியில் பாறையில் குடைந்த ஆழமான குழி இருக்கிறது. பிடிபட்ட இரவில் ஆண்டவரை அதில் வைத்திருந்தார்கள் என்று நம்பி, வருகிறவர்கள் அங்கே சங்கீதம் 88-ஐ வாசிப்பார்கள். எங்கள் போதகர் ஐயாவும் வாசித்தார். "ஏன் உமது முகத்தை எனக்கு மறைக்கிறீர்?" என்ற இடத்தில் குரல் பாறையில் முட்டித் திரும்பியது. புலம்பல் சங்கீதங்கள் பெரும்பாலும் கடைசியில் ஒரு துதிக்காவது திரும்பிவிடும். இது திரும்பாது. அப்படி ஒன்றையும் வேதப்புத்தகத்துக்குள் வைத்திருக்கிறார்களே என்பது அன்றைக்கு எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

பிறகு எருசலேமின் மிகப் பழைய பகுதியான தாவீதின் நகரம். கீகோன் ஊற்றிலிருந்து சீலோவாம் வரை எசேக்கியா ராஜா வெட்டிய சுரங்கம், 533 மீட்டர் நீளம். அசீரிய ராஜா சனகெரிப் முற்றுகையிட வருகிறான் என்றதும் ஊருக்கு வெளியே இருந்த தண்ணீரை மலைக்குள்ளாகவே நகரத்துக்குத் திருப்பிய வேலை. 2 இராஜாக்கள் 20:20-இல் இருக்கிறது. வயதானவர்களைத் தண்ணீர் இல்லாத பக்கத்துச் சுரங்கத்தில் அனுப்பிவிட்டு நாங்கள் சிலர் மட்டும் இறங்கினோம். முதல் அடியிலேயே தொடை வரை சில்லென்ற தண்ணீர். போகப் போகக் குறைந்தது. இரண்டு தோளும் சுவரில் உரசும். முன்னால் டார்ச்சோடு போன தம்பி, "அக்கா, தலை, தலை" என்று சொல்லிக்கொண்டே போனான். சுவரைத் தடவினால் உளி கொத்திய தடம் விரலில் படுகிறது. நடுவழியில் அந்தத் தடங்களின் சாய்வு எதிர்த்திசைக்கு மாறிவிடும். இரண்டு முனையிலிருந்தும் வெட்டிவந்தவர்கள் சந்தித்த இடம் அது.

அந்தச் சந்திப்பைக் கல்லிலேயே எழுதி வைத்திருந்தார்கள். 1880-இல் கண்டெடுத்த அந்தக் கல்வெட்டு இப்போது இஸ்தான்புல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இன்னும் மூன்று முழம் வெட்ட வேண்டியிருந்தபோது, ஒருவன் தன் தோழனைக் கூப்பிடுகிற சத்தம் கேட்டது என்கிறது அது. ஆளைக் காணவில்லை, வெளிச்சமும் இல்லை, நடுவே பாறை. சத்தத்தைப் பிடித்துக்கொண்டு மிச்சத்தை வெட்டி முடித்திருக்கிறார்கள்.

சுரங்கம் முடிந்து சற்றுத் தள்ளி குளம். அன்றைக்குப் பார்க்க ஏமாற்றமாகத்தான் இருந்தது, சொல்லிவிடுகிறேன். பைசாந்தியர் காலத்துச் சிறிய தொட்டி ஒன்றைத்தான் நூற்றாண்டுக் கணக்கில் சீலோவாம் என்று காட்டிவந்தார்கள். 2004-இல் சாக்கடைக் குழாய் வேலைக்காகத் தோண்டியபோது இயேசுவின் காலத்துக் குளத்தின் படிகள் தட்டுப்பட்டன. நாங்கள் போனபோது ஒரு பக்கத்துப் படிகள் மட்டுமே வெளியே தெரிந்தன. மீதி பழத்தோட்டத்துக்கு அடியில். "இவ்வளவு தூரம் வந்து குளத்துல தண்ணியக் காணோமே" என்று எங்கள் குழுவின் பாட்டி ஒருவர் சத்தமாகவே சொன்னார்.

நான் அந்தப் படியில் உட்கார்ந்தேன். ஐந்து படி, பிறகு அகலமாக ஒரு தளம், மறுபடி ஐந்து படி. கண் தெரியாதவன் காலால் துழாவித்தான் இறங்கியிருக்க வேண்டும், அதுவும் கண்ணில் அப்பிய ஈரச்சேற்றோடு. அன்றைய எருசலேம் தேவாலயத்திலிருந்து இங்கே இறங்குகிற வீதி சுமார் 600 மீட்டர், முழுக்கச் சரிவு. எங்களுக்கு முன்னால் வந்த குழு "நீ போய், சீலோவாம் குளத்திலே கழுவு" என்ற யோவான் 9-ஆம் அதிகாரத்தின் ஏழாம் வசனத்தோடு வாசிப்பை நிறுத்திவிட்டுப் போட்டோ எடுக்கப் போய்விட்டது. போதகர் ஐயா அந்த அதிகாரத்தை முழுவதும் வாசித்தார்.

முழுதாகக் கேட்டபோதுதான் உறைத்தது. சேற்றைப் பூசி "போ" என்றவர் கூடப் போகவில்லை. அவன் கண் திறந்தபோது எதிரே நின்றது அவர் இல்லை. "அவர் எங்கே?" என்று கேட்கிறார்கள். "எனக்குத் தெரியாது" என்கிறான். எட்டாம் வசனத்திலிருந்து 34 வரை இயேசு அந்தக் கதையில் வரவே இல்லை. அக்கம்பக்கத்தார் இவன் அவன்தானா என்று சந்தேகப்படுகிறார்கள். பெற்றவர்கள் பயந்து, "இவன் வயதுள்ளவன், இவனையே கேளுங்கள்" என்று நழுவுகிறார்கள். கடைசியில் புறம்பே தள்ளப்படுகிறான். அந்த நேரம் முழுவதும் தனியாள்தான்.

ஆனால் அவன் பார்வை வளர்ந்தது அந்த நேரத்தில்தான். முதலில் "இயேசு என்னப்பட்ட ஒருவர்" என்கிறான். பிறகு தீர்க்கதரிசி என்கிறான். பிறகு, அவர் தேவனிடத்திலிருந்து வராதிருந்தால் ஒன்றும் செய்யமாட்டாரே என்று, தன்னை விசாரித்த யூத மதத் தலைவர்களான பரிசேயரோடேயே வாதாடுகிறான். "நாங்கள் காண்கிறோம்" என்று உறுதியாக இருந்தவர்கள்தான் அந்த அதிகாரத்தில் குருடராக முடிகிறார்கள். இன்னொன்றும் உண்டு. அவன் அவரைத் தேடிப் போயிருந்தாலும் கண்டுபிடித்திருக்க முடியாது. முகத்தைப் பார்த்ததே இல்லை, குரல் மட்டும்தான் தெரியும். அவன் தள்ளப்பட்டதைக் கேள்விப்பட்டு, அவனைக் கண்டு பேசியவர் இயேசுதான்.

பஸ்ஸில் பக்கத்தில் இருந்த அத்தை, ஏசாயா 59-ஐ எனக்குப் பலமுறை சொன்னவர், "அப்போ பாவ அறிக்கையே வேண்டாங்கிறியா?" என்றார். வேண்டும் அத்தை, தினமும் வேண்டும் என்றேன். "இவன் செய்த பாவமோ, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமோ" என்று சீஷர்கள் கேட்டதையும், இரண்டும் இல்லை என்று ஆண்டவர் சொன்னதையும் காட்டினேன். "அது பிறவிக்குருடனுக்குச் சொன்னது" என்றார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. நாங்கள் இன்னும் அதைப் பேசி முடிக்கவில்லை.

ஊருக்கு வந்தவுடன் ஜெபம் மாறிவிட்டது என்று சாட்சி சொல்ல மாட்டேன். பல இரவுகள் இன்றும் அப்படித்தான். ஆனால் இல்லாத பாவத்தைத் தோண்டுவதை விட்டுவிட்டேன். "அவர் எங்கே" என்று மனசு கேட்டால், அந்தக் குருடன் சொன்ன "எனக்குத் தெரியாது" என்ற பதிலையே சொல்கிறேன். பிறகு, "இது ஒன்றுதான் எனக்குத் தெரியும்" என்று அவன் 25-ஆம் வசனத்தில் சொன்னதுபோல, எனக்கு நிச்சயமாகத் தெரிந்த ஒன்றைச் சொல்லி ஜெபிக்கிறேன். அநேகமாக அது சின்ன விஷயமாக இருக்கும்.

சீலோவாம் போகிறவர்கள் சுரங்கத்துக்கு மாற்றுத்துணியும் டார்ச்சும் நனைந்தாலும் பரவாயில்லாத செருப்பும் எடுத்துக்கொள்ளுங்கள். படியில் உட்கார்ந்து வாசிக்கும்போது ஏழாம் வசனத்தில் எழுந்துவிடாமல் 38 வரை வாசியுங்கள். பத்து நிமிஷம்கூட ஆகாது.