தணிக்கையில் பாஸ், அப்புறம்?

துணி பிராண்டுகள் தங்கள் சப்ளையர்களுக்குக் கொடுக்கும் நடத்தை விதிகளை நாலைந்து படித்துவிட்டால் அடுத்ததை நீங்களே எழுதிவிடலாம். குழந்தைத் தொழிலாளர் கூடாது, கொத்தடிமை வேலை கூடாது, வாரம் 48 மணி நேரம், அதற்கு மேல் ஓவர்டைம் 12 மணி நேரம்தான், சங்கம் சேர உரிமை உண்டு, கழிவுநீரை அப்படியே திறந்துவிடக் கூடாது. ஜீன்ஸ் கம்பெனி லீவைஸ் 1991லேயே இப்படி ஒன்றைக் கொண்டுவந்தது. எந்த வரியிலும் தப்பு சொல்ல முடியாது.

ஆனால் 2012 செப்டம்பரில் கராச்சியில் அலி என்டர்பிரைசஸ் ஆலை எரிந்து 250 பேருக்கு மேல் செத்தார்களே, ஜன்னல்களுக்குக் கம்பி போட்டு, கதவுகளைப் பூட்டி வைத்திருந்த ஆலை, அதற்கு, தொழிலாளர்களை ஒழுங்காக நடத்துகிறது என்று சொல்லும் எஸ்ஏ 8000 சான்றிதழ் கிடைத்துச் சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. அடுத்த ஏப்ரலில் டாக்கா பக்கத்தில் ராணா பிளாசா இடிந்து 1,100 பேருக்கு மேல் போனார்கள். முந்தின நாளே கட்டடம் விரிசல் விட்டிருந்தது. கீழே இருந்த வங்கியை மூடிவிட்டார்கள், தைக்கிறவர்களை மட்டும் உள்ளே போகச் சொன்னார்கள். அங்கே இருந்த ஆலைகளில் இரண்டு, இந்த மாதிரி விதிகளை ஆலை பின்பற்றுகிறதா என்று பார்க்கும் சமூகத் தணிக்கையை முடித்தவை. கட்டடம் உறுதியாக இருக்கிறதா என்பது அந்தத் தணிக்கையின் கேள்விகளிலேயே இல்லை!

ஆடிட்டர்களை மட்டும் திட்டிப் பிரயோஜனம் இல்லை. பிராண்டுக்குள் விதிகளை எழுதுவது ஒரு துறை, விலை பேசுவது வேறு துறை. பிராண்டுக்காக ஆர்டர் கொடுக்கும் பையர், துணியின் கலர் அப்ரூவலை இரண்டு வாரம் தாமதமாகக் கொடுப்பார், ஷிப்மென்ட் தேதியை மட்டும் தள்ளமாட்டார், தாமதமானால் விமானச் சரக்குக் கட்டணம் ஆலையின் தலையில். அந்த இரண்டு வாரத்தை ஆலைக்காரர் எங்கிருந்து எடுப்பார்? ராத்திரியிலிருந்துதான் எடுப்பார், இல்லையென்றால் யாருக்கும் சொல்லாமல் வெளியே ஒரு சின்ன யூனிட்டுக்குத் தள்ளிவிடுவார். பிறகு ஆடிட்டருக்குக் காட்ட ஒரு வருகைப் பதிவேடு, சம்பளம் போட இன்னொன்று. 2020ல் கொரோனா வந்தபோது தைத்து முடித்த சரக்கையே வேண்டாம் என்று பல பிராண்டுகள் கைகழுவின. அவர்களிடமும் நடத்தை விதிகள் இருந்தன, ஆனால் எல்லாம் சப்ளையரைக் கட்டுப்படுத்தத்தான், அவர்களைக் கட்டுப்படுத்த ஒன்றும் இல்லை.

ராணா பிளாசாவுக்குப் பிறகு 2013 மே மாதம் வந்த அக்கார்டு ஒப்பந்தம் இந்த இடத்தில்தான் வேறுபட்டது. பிராண்டுகளும் தொழிற்சங்கங்களும் சேர்ந்து போட்ட, சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தம். பொறியாளர்கள் ஆலைகளைச் சோதித்து அறிக்கையை எல்லோரும் பார்க்க வெளியிட்டார்கள், ஆபத்தென்றால் வேலை செய்ய மறுக்கும் உரிமை தொழிலாளிக்கு இருந்தது, பழுது பார்க்க ஆலைக்குப் பணம் கிடைக்க பிராண்டு வழி செய்ய வேண்டும், செய்யாவிட்டால் நடுவர் மன்றத்துக்கு இழுக்கலாம். தொழிற்சங்கங்கள் இழுத்தும் காட்டின. ஒரு பிராண்டு 2018ல் 20 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது. மற்ற விதிகளில் இல்லாதது இதுதான், மீறினால் பிராண்டுக்கும் வலிக்கும்.

சுற்றுச்சூழல் பக்கம் நிலைமை இன்னும் மோசம் என்பது என் அபிப்பிராயம், ஏனென்றால் பெரும்பாலான தணிக்கைகள் தையல் ஆலையோடு நின்றுவிடுகின்றன, ஆனால் தண்ணீர் கெடுவது அதற்கு முந்தைய கட்டத்தில், சாயப்பட்டறையில். 2011ல் கிரீன்பீஸ் என்ற சுற்றுச்சூழல் அமைப்பு கிளப்பிய போராட்டத்துக்குப் பிறகு பிராண்டுகள் சேர்ந்து, பட்டறைக்குள்ளேயே வரக் கூடாத ரசாயனங்களுக்குப் பட்டியல் போட்டன. நல்ல விஷயம்தான், தைத்த சட்டையில் விஷம் இருக்கிறதா என்று பார்ப்பதைவிட ஆயிரம் மடங்கு மேல். ஆனால் உப்பு? பருத்தியில் ரியாக்டிவ் சாயம் ஏற உப்பை அள்ளிக் கொட்ட வேண்டும். சாதாரணச் சுத்திகரிப்பில் அது போகாது. ஆர்ஓ வைத்து, மிச்சத் தண்ணீரைக் காய்ச்சி ஆவியாக்க வேண்டும், அதற்கு மின்சாரமும் விறகும் தின்னும் செலவு. இதை ஒழுங்காகச் செய்கிற பட்டறையின் விலை கிலோவுக்குக் கூடத்தான் இருக்கும், உடனே ஆர்டர், இதைச் செய்யாத பட்டறைக்குப் போய்விடும். அந்த இரண்டு விலைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறவர், விதிகளை அச்சடித்த அதே கம்பெனியின் ஆள்.

நைக்கி 2005ல் தன் ஆலைகளின் பட்டியலை வெளியிட்டது, அதுவரை எல்லோரும் அது தொழில் ரகசியம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். சரி, தையல் ஆலைப் பட்டியல் இன்று நிறையப் பேர் தருகிறார்கள். நான் இப்போது முதலில் தேடுவது சாயப்பட்டறைகளின் பெயர்களையும், விலை பேசும் துறைக்கு என்ன விதி என்பதையும். பெரும்பாலும் இரண்டாவது இருக்காது.