பந்தல் இல்லாத கொடிகளைப் பார்க்க

மார்ச் 9, 2025, ஞாயிறு

ஸ்பெயினில் இருக்கும் பில்பாவோவிலிருந்து மகன் கூப்பிட்டான். "அம்மா, இந்த வருஷமாவது வா. ரியோஹா போகலாம்" என்றான். ரியோஹா அங்கே மதுத் திராட்சைக்குப் பேர்போன வட்டாரம். வேலைக்கு ஸ்பெயின் போனதிலிருந்தே கேட்டுக்கொண்டிருக்கிறான். இன்று சரி என்று சொல்லிவிட்டேன். என் வீட்டுக்காரருக்கும் வர ஆசைதான், ஆனால் இருவரும் கிளம்பினால் தோட்டத்தை யார் பார்ப்பது?

அவன் ஒரு படம் அனுப்பினான். ரியோஹாவில் பழைய திராட்சைத் தோட்டம் ஒன்று. கம்பம் பக்கம் சுருளிப்பட்டியில் நாங்கள் கல்தூண் நட்டு, கம்பி இழுத்து, தலைக்கு மேலே பந்தலில் கொடியை ஏற்றுகிறோம். அங்கே தூணும் இல்லை, கம்பியும் இல்லை. முழங்கால் உயரத்தில் முறுக்கேறிய அடிமரம், அதன் தலையிலிருந்து நாலைந்து கிளை. மண் வெளுத்து, கல்லும் சுண்ணாம்புமாகக் கிடக்கிறது. அந்த மண்ணைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும் எனக்கு.

மார்ச் 16, ஞாயிறு

எப்போது போவது என்று பேசினோம். ஜூன் 29, சான் பெத்ரோ நாளில் ஆரோ ஊரில் மது யுத்தம் நடக்குமாம். ஊரே வெள்ளைச் சட்டையில் பிலிபியோ பாறைக்குன்றுக்கு ஏறி ஒருவர்மேல் ஒருவர் சிவப்பு மதுவைக் கொட்டுவார்கள். பார்க்க வேண்டிய விஷயம் என்கிறான் அவன். அது அவர்கள் திருவிழா, குறை சொல்ல நான் யார்? ஆனால் ஜூனில் காய் பச்சையாக இருக்கும். நான் அறுவடையைப் பார்க்கத்தான் போகிறேன்.

செப்டம்பர் 21-ஐ ஒட்டி லோக்ரோன்யோ நகரில் சான் மாதெயோ விழா. திராட்சையைக் காலால் மிதித்து, முதல் சாற்றை வால்வனேரா மாதாவுக்குப் படைக்கிறார்கள். இதைக் கேட்டதும் மனசு நிறைந்துவிட்டது. ஆனால் அந்த வாரம் தங்க இடம் கிடைப்பது கஷ்டமாம். விழா முடிந்த பிறகு, செப்டம்பர் கடைசியில் போகலாம் என்று வைத்திருக்கிறோம். கிழக்கே வெயில் அதிகமுள்ள ரியோஹா ஓரியெந்தாலில் அறுவடை முதலில் தொடங்கி, மேற்கே மேட்டுப் பக்கம் மெல்ல ஏறுமாம். அக்டோபர் தொடக்கத்தில் ஆரோ பக்கம் பழம் வெட்டிக்கொண்டிருப்பார்கள்.

மார்ச் 30, ஞாயிறு

இன்று பேசியது முழுக்க விவசாயம். வெகுநாளைக்குப் பிறகு இப்படி. படிக்கிற காலத்தில் மருந்து வாசனையே ஆகாது என்று தோட்டத்துப் பக்கம் வராதவன், இன்று கவாத்து எப்படி வெட்டுகிறோம், எத்தனை கண் விடுகிறோம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டான். பதில் சொல்லச் சொல்ல எனக்குத் தொண்டை அடைத்தது.

அவன் சொன்னதில் ஒன்று என்னை உட்காரவைத்துவிட்டது. ரியோஹாவில் சிவப்புத் திராட்சை ஹெக்டேருக்கு 6,500 கிலோவுக்கு மேல் எடுக்கக் கூடாது, வெள்ளை என்றால் 9,000. ஏக்கர் கணக்கில் சிவப்பு 2.6 டன், அதுவும் வருஷம் முழுமைக்கும். குளிர்காலத்தில் கொடி இலை உதிர்த்துத் தூங்கிவிடும், வருஷத்துக்கு ஒரே மகசூல். எங்களுக்குக் கவாத்து வெட்டினால் நாலு மாதத்தில் பழம், வருஷத்துக்கு இரண்டு மகசூல் எடுக்கிறோம். ஒரே மகசூலில் ஏக்கருக்கு அவர்கள் வரம்பைப்போல இரண்டு மடங்கு வரும். வந்து என்ன, வியாபாரி தோட்டத்தில் நின்று சொல்வதுதான் விலை.

ரியோஹா என்ற பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு கிடைத்தது 1925-ல். இந்த வருஷத்தோடு நூறு. 1991-ல் ஸ்பெயினிலேயே முதலாவதாக அதற்கும் மேலான தகுதியைப் பெற்றார்கள். கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு வந்தது 2023-ல். ஊர்ப் பெயரை நூறு வருஷம் காப்பாற்றியவர்கள் அதற்கு என்ன விட்டுக்கொடுத்தார்கள், பழம் போடுகிறவன் கைக்கு என்ன வந்தது? இந்தப் பயணத்தில் எனக்கு வேண்டியது இந்தக் கேள்விக்குப் பதில்.

ஏப்ரல் 13, ஞாயிறு

அவன் போட்ட பட்டியல் வந்தது. ஒரு நாளைக்கு நாலு பொதேகா! அங்கே மது செய்து, பீப்பாயில் ஊறவைத்து, விற்கிற இடத்துக்கு அதுதான் பெயர். எல்சியேகோவில் பிராங்க் கெரி வடிவமைத்த ஹோட்டல், லாகுவார்தியா அருகே கலத்ராவா கட்டிய இசியோஸ் என்று கட்டடங்களாகவே நிரப்பியிருந்தான். இரண்டுக்கு மேல் வேண்டாம் என்றேன். ஒரு பீப்பாய் அறைக்கும் இன்னொன்றுக்கும் வித்தியாசம் தெரிய நேரம் கொடுக்க வேண்டும். கெரி ஹோட்டலைச் சாலையிலிருந்தே பார்க்கலாம். லாகுவார்தியாவுக்குக் கட்டாயம் போக வேண்டும். மதில் சூழ்ந்த அந்தக் குன்று ஊருக்கு அடியில் வீட்டுக்கு வீடு நிலவறை குடைந்திருப்பதால் தெருவில் வண்டிகளை விடுவதில்லையாம்.

நான் சேர்த்தது சான் விசெந்தே தே லா சொன்சியெர்ரா. அங்கே வயல்வெளியில் பாறையைக் குடைந்து செய்த பழைய மிதிதொட்டிகள் இருக்கின்றன. கொடிகளுக்கு நடுவே காவல்காரருக்காகக் கல்லில் கட்டிய வட்டக் குடில்களும் உண்டு. இதை யாரும் சுற்றுலாவில் முதலில் சொல்வதில்லை. எனக்கு முதலில் வேண்டியது இதுதான். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சரிம்மா, அது உன் நாள். நீ சொல்ற மாதிரி" என்றான்.

மே 4, ஞாயிறு

ஆரோவில் தங்குவது என்று முடிவு. காரணம் ரயில் நிலையம். 1863-ல் அந்தப் பக்கம் பில்பாவோவுக்கு ரயில் வந்தது. பிரான்ஸில் பிலொக்ஸெரா என்ற வேர்ப்பூச்சி கொடிகளை அழித்தபோது, போர்தோ வியாபாரிகள் மது தேடி இங்கே வந்தார்கள். அதனால் ரயிலடியை ஒட்டியே பொதேகாக்கள் எழுந்தன: லோபெஸ் தே எரேதியா 1877, குனே 1879, லா ரியோஹா அல்தா 1890. போர்தோ பாணி 225 லிட்டர் ஓக் பீப்பாயும் அப்படித்தான் இங்கே நிலைத்தது. கடைசியில் அதே பூச்சி இங்கேயும் வந்து, அமெரிக்க வேர்ச்செடியில் ஒட்டுக்கட்டித்தான் மீண்டார்கள். எங்கள் தோட்டத்தில் ஒட்டு இல்லாமல், குச்சி ஊன்றி வளர்ந்த கொடிகள்தான். அந்தப் பூச்சியை நினைத்தாலே வயிற்றைப் பிசைகிறது.

ரயிலடிப் பொதேகாக்களுக்கு நடந்தே போய்வரலாம் என்பதால் அன்று அவனும் நிம்மதியாகக் குடித்துப் பார்க்கலாம். கார் எடுக்கும் நாளில் அவனுக்கு ஒரு சொட்டும் கிடையாது. இதில் நான் இறங்கிவர மாட்டேன் என்றேன். அவனும் அதையேதான் நினைத்திருந்தான்.

மே 11, ஞாயிறு

நாத்தனார் வந்திருந்தார். "போயும் போயும் மகனோட சாராயம் பார்க்கவா அண்ணி போறீங்க?" என்றார். நம் ஊரில் குடி எத்தனை வீட்டைக் கெடுத்திருக்கிறது என்று எனக்கும் தெரியும், அவர் கேட்டதில் தப்பில்லை. ஆனால் இது பழத்திலிருந்து வருகிறது, பழம் என் தொழில். ருசி பார்த்துவிட்டுத் துப்புவதற்கென்றே அங்கே பாத்திரம் வைத்திருப்பார்கள் என்று சொன்னேன். வளர்ந்த மகன் முன்னால் நேராகச் செய்யக்கூடிய காரியம் அது.

ஜூன் 15, ஞாயிறு

விசாவுக்குச் சென்னை போய் வந்தேன். கட்டணம் 90 யூரோ. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், கடைசி நேரத்துக்கு விட வேண்டாம்.

ஜூலை 6, ஞாயிறு

பயணம் புரட்டாசியில் விழுகிறது. கவிச்சி தொட மாட்டேன். லோக்ரோன்யோ லாரெல் தெருவில் சுட்ட காளான் பேர்போனது, ஆனால் அதன் தலையில் ஒரு இறாலைக் குத்திவைப்பார்கள். ரியோஹா உருளைக்கிழங்குக் குழம்பில் சொரிசோ, அதாவது பன்றி இறைச்சி. காய்கறிக் கலவையான மெனெஸ்த்ராவில்கூடப் பன்றித் துண்டு போடுவதுண்டு, கேட்டுத்தான் சாப்பிட வேண்டும். பிகீயோ மிளகாய், வெள்ளை அஸ்பராகஸ், ரொட்டி, ஆலிவ் எண்ணெய் போதும். முகா பொதேகாவில் மதுவை முட்டை வெள்ளைக்கருவால் தெளியவைக்கிறார்கள் என்று மகன் தானாகவே தேடிச் சொன்னான். ஆகவே அங்கே வாசனை மட்டும்.

அக்டோபர் 4 சனிக்கிழமை. அன்று பொதேகா எதுவும் இல்லை, சான் மில்லான் மடத்துக்குப் போகிறோம். ஸ்பானிய மொழியின் மிகப் பழைய எழுத்துகளில் சில அங்கே ஒரு லத்தீன் ஏட்டின் ஓரத்தில் எழுதப்பட்டவை.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

சான் விசெந்தேயில் சொந்தமாகத் திராட்சை போட்டு மது செய்யும் ஒரு குடும்பம் பதில் எழுதியிருக்கிறது. எந்த நாள் வெட்டு என்று இப்போது சொல்ல முடியாது, பழமும் மழையும்தான் சொல்லும், முந்தின வாரம் கூப்பிடுங்கள் என்கிறார்கள். அந்த ஒரு வரியிலேயே அவர்களை எனக்குப் பிடித்துவிட்டது.

கேட்க வேண்டியவற்றை மகனிடம் சொல்லி எழுதவைத்தேன், மொழிபெயர்க்கப்போவது அவன்தானே. பழத்துக்கு விலையை எப்போது பேசி முடிக்கிறார்கள்? வரம்புக்கு மேல் காய்த்தால் கொத்தை எப்போது வெட்டிப் போடுகிறார்கள்? ஒட்டுச்செடி எத்தனை வருஷம் தாங்கும்? கடைசியில் அவனாக ஒன்று சேர்த்துக்கொண்டான்: உங்களுக்குப் பிறகு தோட்டத்தை யார் பார்ப்பார்கள்?

திரும்பி வரும்போது வரியில்லாமல் இரண்டு லிட்டர்தான் கொண்டுவரலாம், அதாவது முக்கால் லிட்டர் பாட்டில் இரண்டு. ஒன்று வீட்டுக்காரருக்கு, ஐந்து வருஷம் ஊறிய கிரான் ரெசெர்வா. இன்னொன்று சான் விசெந்தே வீட்டாருடையது, திராட்சை போடும் என் கூட்டாளிகளிடம் காட்ட.