தவணை கடந்த புத்தகங்கள்

ஜூலை 6

இரண்டாம் உலகப் போரில், ஜெர்மன் ஆக்கிரமிப்புக் காலத்து நூலகர்களைப் பற்றிய நாவல்கள் வரிசையாக வந்துகொண்டிருக்கின்றன. இந்த மாதம் அவற்றையே படிப்பது என்று உட்கார்ந்துவிட்டேன். முதலில் ஜேனட் ஸ்கெஸ்லியன் சார்ல்ஸ் எழுதிய 'தி பாரிஸ் லைப்ரரி'. பாரிஸில் இருக்கும் அமெரிக்க நூலகம்தான் களம். முதல் உலகப் போரில் அமெரிக்கச் சிப்பாய்களுக்கு அனுப்பிய புத்தகங்களைக் கொண்டு 1920இல் தொடங்கிய நூலகம் அது. ஓடீல் என்ற இளம்பெண் 1939இல் அங்கே வேலைக்குச் சேர்கிறாள். மறுவருடம் ஜூனில் ஜெர்மன் படை நகருக்குள் வந்துவிடுகிறது.

ஓடீல் கற்பனைப் பாத்திரம். இயக்குநர் டோரதி ரீடர் நிஜமாக வாழ்ந்தவர். யூதர்கள் நூலகத்துக்குள் வரக்கூடாது என்று ஆனதும், ஊழியர்கள் புத்தகங்களை அவர்கள் வீட்டுக்கே எடுத்துப் போய்க் கொடுத்ததும் நிஜம்தான்.

கிளை நூலகம் ஒன்றில் பல வருடமாக இரவல் பதிவேடு எழுதுகிறவள் நான். ஆகவே துப்பாக்கியும் சோதனையும் வரும் இடங்களைவிட, வாசகர் வீட்டுக்குப் புத்தகம் போகும் இடங்களில்தான் அதிக நேரம் நின்றேன். வெளியே வர முடியாத ஒருவருக்கு எதை எடுத்துப் போகலாம் என்று அலமாரி முன்னால் நின்று யோசிக்க வேண்டும். அவர் போன தடவை என்ன படித்தார், எதைப் பாதியில் திருப்பிக் கொடுத்தார் என்றெல்லாம் ஞாபகம் இருந்தால்தான் அது முடியும். எங்கள் வேலையின் உயிரே அதுதான். நாவலாசிரியரும் அந்த நூலகத்தில் வேலை பார்த்தவர். அந்தப் பக்கங்களில் அது தெரிகிறது.

ஜூலை 9

நாவலில் எனக்கு மிகவும் பட்டது மொட்டைக் கடுதாசிகள். ஓடீலின் அப்பா போலீஸ் அதிகாரி. அவர் அலுவலகத்தில் கட்டுக்கட்டாகக் கடிதங்கள் குவிகின்றன: இன்ன தெருவில் இன்னார் யூதர், இன்னார் வீட்டில் ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்று. எழுதியவர்கள் எல்லாம் பக்கத்து வீட்டுக்காரர்கள், கடைக்காரர்கள், சொந்தக்காரர்கள். பிரான்சில் அப்படிப்பட்ட கடிதங்கள் உண்மையிலேயே ஏராளமாகப் போயின. ஆக்கிரமிப்பு என்றதும் அந்நியச் சிப்பாயின் பூட்ஸ் மட்டும் கண்ணில் வரும் கதைகளுக்கு நடுவே, ஊரே ஊரைக் காட்டிக் கொடுத்ததைச் சொன்னதற்காக இந்த நாவலுக்கு மரியாதை.

ஜூலை 10

ஹெர்மன் ஃபுக்ஸ். நாவலிலும் வருகிறார், வரலாற்றிலும் இருந்தார். ஆக்கிரமித்த பகுதிகளில் நூலகங்களைப் "பாதுகாக்கும்" பொறுப்போடு பாரிஸுக்கு வந்த ஜெர்மானியர். அதற்கு முன் பெர்லினில் நூலகர். போருக்கு முன்பே நூலகர் மாநாடுகளில் ரீடரைச் சந்தித்தவர். அமெரிக்க நூலகம் தொடர்ந்து திறந்திருக்க அவரும் ஒரு காரணம்.

இன்னொரு காரணமும் உண்டு. 1941இல் ரீடர் அமெரிக்கா திரும்பியபின் பொறுப்பேற்றவர் கோமாட்டி கிளாரா டி ஷாம்ப்ரன். அவருடைய மகன், ஜெர்மனியோடு ஒத்துழைத்த பிரெஞ்சு அரசான விஷி அரசின் பியர் லவாலுக்கு மருமகன். லவாலோ ஜெர்மானியர்களோடு ஒத்துழைத்த குற்றத்துக்காக 1945இல் மரண தண்டனை பெற்றவர். நூலகம் பிழைத்த கதையில் இந்த உறவும் இருக்கிறது. இதை மூடி மறைக்க வேண்டியதில்லை. பெரிய நாவல் ஒன்று இதிலிருந்தே தொடங்கலாம்.

ஜூலை 13

அதே பாரிஸில் வேறொரு நூலகத்தின் கதையைத் தேடிப் படித்தேன். துர்கனேவ் நூலகம். ரஷ்யாவிலிருந்து தப்பி வந்தவர்களுக்காக 1875இல், எழுத்தாளர் துர்கனேவின் உதவியோடு தொடங்கியது. லெனின்கூட அங்கே படித்திருக்கிறார். 1940 இலையுதிர் காலத்தில் ஜெர்மானியர்கள் வந்து சுமார் ஒரு லட்சம் புத்தகங்களைப் பெட்டிகளில் அடைத்துக் கொண்டுபோனார்கள். செய்தது நாஜித் தலைவர் ரோசன்பெர்க் பெயரால் இயங்கிய கொள்ளைப் பிரிவு. போலந்து நூலகமும், யூத அமைப்பான அலியான்ஸின் நூலகமும் அதேபோல் காலியாயின.

ஒரே நகரம், ஒரே வருடம். ஒரு கதவு திறந்தே இருந்தது, மற்றவை வெறும் அலமாரிகளாயின. நாவல்கள் திறந்திருந்த கதவைத் தேர்ந்தெடுக்கின்றன. எனக்கு அதில் மனத்தாங்கல்தான்.

ஜூலை 19

அந்தோனியோ இதுர்பேயின் ஸ்பானிய நாவல் 'தி லைப்ரரியன் ஆஃப் ஆஷ்விட்ஸ்', ஆங்கிலத்தில். களம், ஆஷ்விட்ஸின் ஒரு பகுதியான பிர்கெனௌவில், யூதக் குடும்பங்களை அடைத்த முகாமில் குழந்தைகளுக்கென்று இருந்த 31ஆம் கொட்டகை. ஃப்ரெடி ஹிர்ஷ் என்ற இளைஞர் அதை நடத்தினார். நாவலில் எட்டே புத்தகங்கள், அவற்றுக்குக் காவல் 14 வயதுப் பெண். டீட்டா க்ராஸ் என்ற உண்மையான பெண்ணின் வாழ்க்கை அது. எச்.ஜி. வெல்ஸின் உலக வரலாறு அங்கே இருந்த புத்தகங்களில் ஒன்று.

உடைக்குள் ரகசியப் பை, சோதனை நேரத்தில் மூச்சை அடக்குவது என்று நாவல் விறுவிறுப்பாக ஓடுகிறது. டீட்டா பின்னாளில் தன் வாழ்க்கையைத் தானே எழுதினார். பிராக்கில் கழிந்த பிள்ளைப் பருவம், முகாம்கள், இஸ்ரேல் வாழ்க்கை என்று விரியும் அதில் நூலகம் ஒரு சிறு பகுதி.

என்னை உலுக்கியது வேறு. அங்கே ஆசிரியர்களே புத்தகங்களாக இருந்தார்கள். யாருக்கு எந்தக் கதை மனப்பாடமோ அவர் வகுப்பு வகுப்பாகப் போய் அதைச் சொல்வார். 1944 மார்ச் 8 அன்று ஃப்ரெடி ஹிர்ஷ் இறந்தார். அன்றிரவு, முந்தைய செப்டம்பரில் வந்து சேர்ந்தவர்களில் மிஞ்சியிருந்த சுமார் 3,800 பேரைக் கொன்றார்கள்.

இன்று இதற்கு மேல் எழுத முடியவில்லை.

ஜூலை 25

நாவல்களை ஓரம் வைத்துவிட்டு ஹெர்மன் க்ரூக் எழுதிய நாட்குறிப்பைப் படித்துக்கொண்டிருக்கிறேன். வார்சாவில் நூலகர், 1939இல் வில்னாவுக்கு (இன்றைய லிதுவேனியாவின் வில்னியஸ்) தப்பி வந்தவர். 1941 செப்டம்பரில் வில்னா யூதர்களை கெட்டோ என்ற அடைப்புக் குடியிருப்புக்குள் தள்ளினார்கள். ஸ்ட்ராஷுன் தெரு 6ஆம் எண்ணில் பழைய நூலகம் ஒன்று அந்த எல்லைக்குள் வந்தது. அடைபட்ட சில நாட்களிலேயே க்ரூக் அதைத் திறந்துவிட்டார்.

அக்டோபர் 1, யூதர்களின் யோம் கிப்பூர் நாள். அன்று ஆயிரக்கணக்கானவர்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள். மறுநாள் நூலகத்தில் 390 புத்தகங்கள் கைமாறின. இந்த எண்ணை க்ரூக் குறித்து வைத்திருக்கிறார், எங்கள் பதிவேட்டில் மாலையில் கூட்டுத்தொகை போடுவோமே, அப்படி.

யார் என்ன படித்தார்கள் என்றும் ஓர் அறிக்கை எழுதினார். பெரும்பாலோர் கேட்டது துப்பறியும் கதைகளும் மலிவான காதல் கதைகளும். மறதிக்கான மருந்தாகவே படிக்கிறார்கள் என்று அவருக்கு வருத்தம். சிலர் 'போரும் அமைதியும்' கேட்டார்கள். ஆர்மீனியர்களின் எதிர்ப்பைப் பற்றிய வெர்ஃபெல் நாவலுக்கும் நல்ல தேவை இருந்தது. குழந்தைகள்தான் எல்லோரையும்விட அதிகம் படித்தார்கள். 1942 டிசம்பர் 13 அன்று ஒரு லட்சமாவது இரவலை விழா எடுத்துக் கொண்டாடினார்கள்.

துப்பறியும் கதை கேட்டவர்கள் விஷயத்தில் க்ரூக்கோடு எனக்கு ஒப்பில்லை. அந்த நாட்களில் ஒரு மணி நேரம் மறக்க வைத்த புத்தகம் தன் வேலையைச் செய்தது என்றே நினைக்கிறேன்.

க்ரூக்கை எஸ்தோனியாவில் க்ளூகா முகாமுக்கும், பிறகு லாகெடி முகாமுக்கும் கொண்டுபோனார்கள். 1944 செப்டம்பர் 17 அன்று தன் குறிப்புகளைச் சாட்சிகள் முன்னிலையில் மண்ணில் புதைத்தார். மறுநாள் சுட்டுக் கொன்றார்கள். அதற்கு மறுநாள் செம்படை வந்தது. சாட்சிகளில் உயிர் தப்பிய ஒருவர் திரும்பி வந்து தோண்டி எடுத்தார்.

ஜூலை 27

ஓனா ஷிமாய்தே. லிதுவேனியப் பெண், வில்னியஸ் பல்கலைக்கழக நூலகர். யூத மாணவர்களிடம் தவணை கடந்த நூலகப் புத்தகங்கள் இருக்கின்றன, போய் வாங்கி வர வேண்டும் என்று சொல்லி கெட்டோவுக்குள் போக அனுமதி வாங்கினார். உள்ளே போகும்போது உணவும் கடிதங்களும், வெளியே வரும்போது கையெழுத்துப் பிரதிகளும். பிறகு மனிதர்களையும் தப்ப வைத்தார். 1944இல் பிடிபட்டுச் சித்திரவதைக்கு ஆளாகி ஜெர்மனியின் டாஹாவ் (Dachau) வதை முகாமுக்குப் போனார், பிழைத்தார்.

நாவலாசிரியர் ஒருவர் கற்பனையில் இதைச் செய்திருந்தால் நம்பியிருக்க மாட்டேன். எங்கள் மேசையில் இதைவிடச் சலிப்பான வேலை கிடையாது. அதை வைத்தே உள்ளே போயிருக்கிறார்!

ஆகஸ்ட் 2

வில்னாவில் யூதப் புத்தகங்களின் கொள்ளைக்குப் பொறுப்பாக வந்தவர் யோஹன்னஸ் போல். முன்னாள் பாதிரியார், ஜெருசலேமில் படித்தவர், பெர்லினில் ஹீப்ரு நூல்களுக்கான நூலகர். எது அரிய பிரதி, எது சாதாரணம் என்று தெரிந்துகொண்டே வந்தார். சுமார் 30 சதவீதம் ஜெர்மனிக்கு, மற்றதெல்லாம் காகித ஆலைக்கு என்பது கணக்கு. தரம் பிரிக்கும் வேலையைக் கெட்டோ அறிஞர்கள் தலையிலேயே கட்டினார்கள்.

நான் படித்த நாவல்களில் நூலகர் என்றால் காப்பவர். ஃபுக்ஸ்கூடப் பண்பான மனிதராகத்தான் வந்து போகிறார். போல் மாதிரி ஒருவரை நடுவில் வைத்த நாவலைத்தான் நான் தேடுகிறேன். நூல்பட்டியலைப் படிக்கத் தெரிந்தவர்தான் ஆலைக்குப் போகவேண்டியதையும் தீர்மானித்தார். எங்கள் தொழிலின் அறிவு அப்படியே அந்தப் பக்கம் வேலை செய்தது. இதை விட்டுவிட்டால் கதை பாதிதான்.

தரம் பிரித்தவர்களுக்குள்ளும் வழக்கு. கவிஞர்கள் சுட்ஸ்கேவரும் காச்செர்கின்ஸ்கியும் அரிய நூல்களை உடம்பில் கட்டிக்கொண்டு வாசல் சோதனையைத் தாண்டிக் கெட்டோவுக்குள் கடத்தினார்கள். அடுப்புக்குக் கழிவுக் காகிதம் என்று அனுமதிச் சீட்டு வாங்கிக்கூட சுட்ஸ்கேவர் எடுத்துப் போயிருக்கிறார். மூத்தவர் கால்மனோவிச் வேண்டாம் என்றார்: முடிந்தவரை ஜெர்மனிக்கே அனுப்புங்கள், போர் முடிந்ததும் அங்கே கிடைக்கும். அவர் எஸ்தோனிய முகாமில் இறந்துபோனார்.

போருக்குப் பின் அமெரிக்க ராணுவம் ஓஃபன்பாக்கில் ஒரு கிடங்கு வைத்து, கொள்ளைபோன புத்தகங்களை நூலக முத்திரை பார்த்துப் பிரித்தது. ஹீப்ரு தெரியாத ஊழியர்கள் ஆளுக்குச் சில முத்திரைகளின் வடிவத்தை மட்டும் மனதில் இருத்திக்கொண்டு பிரித்தார்கள். வில்னாவின் யூத ஆய்வு நிறுவனமான யீவோவின் புத்தகங்கள் அங்கிருந்து 1947இல் நியூயார்க் போய்ச் சேர்ந்தன. கடத்தி ஒளித்தவற்றிலும் ஒரு பகுதி மண்ணுக்கடியிலிருந்து வெளியே வந்தது. ஆக, கால்மனோவிச் சொன்னதும் நடந்தது, கவிஞர்கள் செய்ததும் பலித்தது. இரண்டிலும் தப்பாமல் கூழாய்ப் போனவைதான் அதிகம்.