23 ஔவையார்கள்

27 நவம்பர் 2023, திங்கள்

காலை பத்தரைக்குத் தமிழ்த்துறை அம்மா அழைத்தார். ‘தம்பி’ என்று தொடங்காமல் நேரே விஷயத்துக்கு வந்ததிலிருந்தே ஏதோ சரியில்லை என்று தெரிந்துவிட்டது. சனிக்கிழமை முதலாண்டு மாணவர்களுக்கு, நான் பராமரிக்கும் மூடுல் என்னும் இணையக் கற்றல் தளத்தில் வைத்த அகத்தேர்வில், ஆத்திசூடியை இயற்றியவர் யார் என்ற கேள்விக்கு 61 பேரில் 26 பேருக்குப் பூஜ்யம் விழுந்திருக்கிறது. அவர்களுள் மூவர் பிழையாக எழுதியவர்கள். மற்ற 23 பேரின் விடைகளைத் திறந்து பார்த்தால் அத்தனை பேரும் ஔவையார் என்றுதான் எழுதியிருக்கிறார்கள். “உங்கள் மென்பொருளுக்குத் தமிழ் தெரியாதா?” என்று கேட்டார். நன்றாக ஓடும்வரை அது கல்லூரியின் மென்பொருள். பழுதானால் மட்டும் என்னுடையது.

மதியம்வரை எனக்கும் புரியவில்லை. பிறகு, தவறெனக் குறிக்கப்பட்ட ஒரு விடையை நகலெடுத்து, ஒவ்வோர் எழுத்துக்கும் கணினி வைத்திருக்கும் யுனிகோடு எண்ணையும் பிரித்துக் காட்டும் கருவியில் ஒட்டினேன். அம்மா விடைக்குறிப்பில் தட்டியிருந்தது ஔ என்னும் ஓரெழுத்து. மாணவர்கள் தட்டியிருந்தது ஒ, அதன் பக்கத்தில் ள. ‘ஔவையார்’, ‘ஒளவையார்’: இரண்டையும் அடுத்தடுத்து வைத்து அரை மணி நேரம் பார்த்தேன். எங்கள் தளத்தின் எழுத்துருவில் என் கண்ணுக்கு ஒரு வேறுபாடும் தெரியவில்லை. ‘கொ’வைக் ககரம், கொம்பு, கால் என்று பிரித்துச் சேர்த்தாலும் மூடுல் ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும், ஏனென்றால் அவ்விரண்டும் ஒன்றே என்று யுனிகோடு ஏற்றுக்கொண்டிருக்கிறது. ஒகரமும் ளகரமும் சேர்ந்தால் ஔகாரம் என்று அது எங்கும் சொல்லவில்லை. கணினியைப் பொறுத்தவரை அந்த 23 பேரும் வேறு யாரோ ஒருவரின் பெயரை எழுதியிருக்கிறார்கள்.

28 நவம்பர், செவ்வாய்

பரிகாரம் எளிது என்று எண்ணிக்கொண்டுதான் துறைக்குப் போனேன். குறுவிடைக் கேள்வி ஒன்றுக்கு எத்தனை விடைகளை வேண்டுமானாலும் சரியென்று சேர்க்கலாம். ‘ஒளவையார்’ என்பதையும் சேர்த்துவிட்டு மறுமதிப்பீட்டு விசையை அழுத்தினால் முடிந்தது. அம்மா முழுவதும் கேட்டார், காகிதத்தில் இரண்டையும் எழுதிக் காட்டச் சொன்னார், காகிதத்தில் இரண்டும் ஒன்றாகவே வந்தன. அதன்பின் முடியாது என்றார்.

ஒகரமும் ளகரமும் சேர்ந்தது எழுத்துப்பிழை. பிழையைச் சரியென்று விடைக்குறிப்பில் தம் கையால் பதிய மாட்டார். அகரவரிசையைக் கற்பிக்கவே ஒரு நூல் செய்தவரின் பெயரில் அகரவரிசையைக் கோட்டைவிடலாமா என்று கேட்டார். “ஔவியம் பேசேல் என்று ஔவுக்கு ஓர் அடிதானே வைத்தார்? அதை ஒவென்றும் ளவென்றும் பிரித்தா வைத்தார்?”

நான்கு மாணவர்கள் ‘அவ்வையார்’ என்று எழுதியிருந்தார்கள். அவர்களுக்கு முழு மதிப்பெண் கிடைத்திருந்தது, ஏனென்றால் அம்மாவே அதை இரண்டாம் விடையாக முன்கூட்டிச் சேர்த்து வைத்திருந்தார். அகரத்தை அடுத்து வகரமெய் வந்தால் ஔபோல ஒலிக்கும் என்று நன்னூல் ஒப்புகிறது, ஆகவே அது இலக்கணத்தில் போலி எனப்படும் மாற்று வடிவம், ஆகவே சரி. ஆக, கண்ணுக்கு வேறாகத் தெரிவது சரி, ஒன்றாகத் தெரிவது தவறு. இலக்கணப்படி அவர் பக்கம் நியாயம் இருக்கிறது என்பதுதான் என்னை இரவு முழுவதும் எரிச்சலூட்டியது.

30 நவம்பர், வியாழன்

நேற்று இரவு முழுவதும் மழை. இயற்பியல் மேடத்தின் வகுப்புப் பதிவு இரண்டு நாளாக வரவில்லை என்று புகார். இணைய வகுப்பு நடத்தும் பிக்புளூபட்டனில் கூட்டம் முடிந்த பிறகுதான் பதிவு தயாராகத் தொடங்கும். மேடம் கூட்டத்தை முடிக்காமல் தாம் மட்டும் வெளியேறியிருக்கிறார், ஒரு மாணவர் உள்ளேயே இருந்திருக்கிறார். தூங்கியிருக்க வேண்டும்.

ஔ பற்றி அம்மாவிடமிருந்து ஒன்றுமில்லை.

1 டிசம்பர், வெள்ளி

அக மதிப்பெண்கள் 12ஆம் தேதி மாலைக்குள் வந்தாக வேண்டும் என்று தேர்வுப் பிரிவு சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. அம்மாவுக்கு அழைத்தேன். “திங்கட்கிழமை பேசலாம் தம்பி, மழை வேறு வருகிறது” என்றார். முடிச்சூரில் அவர் வீடு தரைத்தளம். 2015 வெள்ளத்தில் கீழ்த்தட்டுப் புத்தகங்கள் மொத்தமும் போயின என்று ஒருமுறை சொல்லியிருக்கிறார்.

வணிகவியல் சாருக்கு ஜூமில் ‘ஒலியையும் பகிர்’ என்ற கட்டத்தில் குறியிட வேண்டும் என்று நான்காம் முறையாகச் சொன்னேன். காணொளி ஓடும்போது மாணவர்களுக்கு ஊமைப்படமாகத் தெரிகிறதாம். நான்கு முறையும் முதல்முறை கேட்பதுபோல நன்றி சொல்கிறார். அதனால் கோபிக்க முடியவில்லை.

3 டிசம்பர், ஞாயிறு

புயலுக்கு மிக்ஜாம் என்று பெயர். நாளை விடுமுறை அறிவித்துவிட்டார்கள். எங்கள் சர்வர் கல்லூரியின் தரைத்தள அறையில் இருக்கிறது. எதிர்ப்பக்கம் கழிவறை, மேலே தண்ணீர்த் தொட்டி. இந்த இடத்தை யார் தேர்ந்தெடுத்தார்கள் என்று கேட்டால் எல்லோரும் தமக்கு முன்னிருந்தவரைக் காட்டுவார்கள். மதியம் போய் யூபிஎஸ்ஸை மேசைமேல் தூக்கிவைத்தேன், தரவுத்தளத்தை வெளிவட்டில் நகலெடுத்தேன், இரவு ஒன்பதுக்கு வீட்டிலிருந்தே சர்வரை அணைத்தேன். வட்டு இப்போது என் அரிசிப் பானைமேல் பாலித்தீன் உறைக்குள் இருக்கிறது. கல்லூரியின் மொத்த மதிப்பெண்களும், அந்த 23 பூஜ்யங்களும் அதற்குள்.

4 டிசம்பர், திங்கள் (தாளில் எழுதியது)

மின்சாரம் இல்லை, தெருவில் முழங்காலுக்கு மேல் தண்ணீர், கைப்பேசியில் 31 விழுக்காடு.

5 டிசம்பர், செவ்வாய் (தாளில்)

புயல் ஆந்திரத்தில் பாபட்லா அருகே கரை கடந்துவிட்டதாக மாடிவீட்டு வானொலியில் கேட்டோம். எங்கள் மடிப்பாக்கத்தில் தண்ணீருக்கு அந்தச் செய்தி வந்து சேரவில்லை. மாலை ஐந்து மணிக்குச் சிறிது நேரம் சிக்னல் கிடைத்தது. வந்த முதல் செய்தி வணிகவியல் சாருடையது, திங்கள் காலை எட்டு மணிக்கு அனுப்பியது: “தளம் திறக்கவில்லை, என்னுடைய கடவுச்சொல் காலாவதி ஆகிவிட்டதா?”

அம்மாவின் எண் தொடர்பு எல்லைக்கு வெளியே. மூன்று முறை.

7 டிசம்பர், வியாழன்

இன்று நடந்தே கல்லூரிக்குப் போனேன். சர்வர் அறைக்குள் கணுக்கால் அளவு தண்ணீர் வந்து வடிந்த கோடு சுவரில் இருந்தது. அலமாரியின் கீழ்த்தட்டைத் தொடவில்லை. மின்னாக்கியில் இரண்டு மணி நேரத்துக்குத்தான் டீசல். சர்வர் எழுந்தது, குறித்த நேரத்து வேலைகளைத் தானே செய்யும் கிரான் ஓடத் தொடங்கியது, நான்கு நாளாகத் தேங்கியிருந்த வேலைகளை ஒவ்வொன்றாக எடுத்து முடித்தது. வரிசையில் நின்ற மின்னஞ்சல்கள் போகப்போக எனக்கே ஆசுவாசமாக இருந்தது.

பிறகு ஒரு காரியம் செய்தேன், அது என் வேலையில் சேராது. ஆசிரியர்கள் பட்டியலைத் திறந்து, ‘கடைசி வருகை’ என்ற தலைப்பைச் சொடுக்கி வரிசைப்படுத்தினேன். கடவுச்சொல் மறந்தவர்களைக் கண்டுபிடிக்கத்தான் அந்தப் பத்தியை இதுவரை பார்த்திருக்கிறேன். தளம் எழுந்த ஒரு மணி நேரத்துக்குள் இயற்பியல் மேடம் 12 நிமிடத்துக்கு முன் என்று வந்தார், வணிகவியல் சார் 3 விநாடிக்கு முன் என்று வந்தார். ஒவ்வொருவராக மேலே ஏறினார்கள். தமிழ்த்துறை அம்மா 4 நாள் 17 மணி என்றே நின்றார். பக்கத்தைப் புதுப்பித்தேன், 4 நாள் 18 மணி ஆயிற்று.

8 டிசம்பர், வெள்ளி

5 நாள் 15 மணி.

9 டிசம்பர், சனி

தேர்வுப் பிரிவிலிருந்து அழைத்தார்கள். தமிழ்த்தாள் மட்டும்தான் பாக்கியாம். நிலைமையைச் சொன்னேன். “நிர்வாகி உரிமை உங்களிடம்தானே இருக்கிறது, நீங்களே அந்த விடையைச் சேர்த்துவிடுங்கள், யாருக்குத் தெரியப் போகிறது?” என்றார் அங்கிருந்தவர். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். மூடுல் 4ஆம் பதிப்பிலிருந்து ஒரு கேள்வியைத் திருத்தினால் பழையது அழிவதில்லை. புதிய வடிவமாக அடுக்கின்மேல் ஏறும், திருத்தியவர் பெயரும் நேரமும் அதனோடு நிற்கும். அம்மா திறந்தால் முதல் பார்வையிலேயே என் பெயர் தெரியும். தெரியாவிட்டாலும் அது அவருடைய கேள்வி.

ஆனாலும் திறந்தேன். திருத்தும் பக்கம்வரை போனேன், மூன்றாம் விடைக்கான வெற்றுக் கட்டத்தில் ஒ தட்டினேன், ள தட்டினேன், அழித்தேன். வெள்ளத்தில் சிக்கியிருக்கிற ஒருவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனதை, அவர் இல்லாத நேரம் பார்த்துச் செய்வது, பூட்டிய வீட்டில் நுழைவது போலிருந்தது. மறுபக்கம் 23 மாணவர்கள். இரண்டு மதிப்பெண், அவர்களில் நான்கு பேருக்குத் தேர்ச்சியே அதில் இருக்கிறது.

வேறொன்றைச் செய்து மனத்தைத் திருப்பலாம் என்று அதே தேர்வின் மற்றக் கேள்விகளைப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. ஏழாம் கேள்வி, ஆத்திசூடி உயிர்வருக்கத்தில் பன்னிரண்டாம் அடியை எழுதி விளக்குக என்பது. அது கட்டுரை வகை. கணினி திருத்தாது, ஆசிரியர்தான் படித்து மதிப்பெண் இட வேண்டும். அந்த 23 பேரில் 19 பேர் அங்கேயும் ஒகரமும் ளகரமுமாக ‘ஒளவியம் பேசேல்’ என்றே தட்டியிருக்கிறார்கள். அம்மா 19 பேருக்கும் முழு மதிப்பெண் கொடுத்திருக்கிறார். இருவருக்கு ‘மிக நன்று’ என்றும் எழுதியிருக்கிறார்.

இதை அவரிடம் சொல்வதா, சொன்னால் எப்படிச் சொல்வது என்று இரவு பதினொன்றுவரை யோசித்தேன். முதலில் அவர் பத்திரமாக இருக்கட்டும்.

6 நாள் 23 மணி.

10 டிசம்பர், ஞாயிறு

காலை 7.20க்குத் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு. “தம்பி, நான்தான்.” தங்கை வீட்டில் செங்கல்பட்டில் இருக்கிறார். படகில் வெளியே வந்தார்களாம். கைப்பேசி தண்ணீரில் போய்விட்டது, எண்கள் எல்லாம் அதில்தான். என் எண் மட்டும் எப்படிக் கிடைத்தது என்று கேட்டேன். உதவி எண் என்று கல்லூரி அட்டையின் பின்பக்கம் அச்சிட்டிருக்கிறதே என்றார். புத்தகங்களை இந்தமுறை முன்கூட்டியே பரண்மேல் ஏற்றிவிட்டாராம்.

இரண்டு நிமிடம் பேசிவிட்டு அவரே கேட்டார்: “அந்த ஔ என்ன ஆயிற்று?”

ஏழாம் கேள்வியைச் சொல்லிவிட்டேன். நெடுநேரம் பேச்சில்லை, இணைப்பு அறுந்ததோ என்று இரண்டு முறை ஹலோ சொன்னேன். பிறகு மெல்லிய குரலில், அப்படியானால் ஏழாம் கேள்வியிலும் அந்த 19 பேருக்கு மதிப்பெண்ணைக் குறைக்க வேண்டும், நீதி எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்க வேண்டும் என்றார். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். 23 பேரைக் காப்பாற்றப் போய் 19 பேருக்கு இரண்டாம் அடியும் வாங்கிக் கொடுத்துவிட்டேன்.

11 டிசம்பர், திங்கள்

கல்லூரி திறந்தது. வளாகம் முழுவதும் சேற்று வாடை. பதினொரு மணிக்கு அம்மா என் அறைக்கே வந்தார், தங்கையின் புடவையில், தங்கையின் கண்ணாடியில், தம்முடையது கிடைக்கவில்லையாம். இரண்டு சொற்களையும் திரையில் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்து 300 விழுக்காட்டுக்குப் பெரிதாக்கினேன். கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார், இறக்கிப் பார்த்தார், எது எது என்று தம்மைச் சோதிக்கச் சொன்னார். இடம் மாற்றி மாற்றி ஐந்து முறை காட்டினேன். இரண்டு முறை சரியாகச் சொன்னார்.

அப்புறம் என்னிடம் சொல்வதுபோல் இல்லாமல் திரையைப் பார்த்தே சொன்னார். அவருடைய அப்பா அச்சுக்கோப்பவர். பள்ளி விட்டதும் அச்சகத்தில் அவர் பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்துதான் வீட்டுப்பாடம் எழுதுவாராம். ஔ வருகிற இடத்தில் அப்பா ஒகர அறையிலிருந்து ஒன்று, ளகர அறையிலிருந்து ஒன்று என்று இரண்டு ஈய எழுத்துகளை எடுத்து அடுக்குவார். “அதற்கென்று தனியாக ஓர் அறையே அந்தப் பெட்டியில் கிடையாது, தம்பி.”

அதற்குமேல் விளக்கம் இல்லை. கேள்வியைத் திறக்கச் சொன்னார். மூன்றாம் விடையைத் தாமே தட்டினார், ஒற்றை விரலால்: ஒ, ள, வை, யா, ர். மதிப்பெண் பட்டியலில் 100, 90, 83.33, 80 என்று இறங்குவதைப் பார்த்து 90இல் சற்று நின்றார், நான் ஒன்றும் சொல்லவில்லை, 100க்கு ஏறினார். ஒவ்வொரு விடைக்கும் தனியே பின்னூட்டம் எழுதலாம் என்று காட்டினேன். அதில், ‘ஔ ஓரெழுத்து. தமிழ்99 விசைப்பலகையில் இடக்கை ஓரம் கீழ்வரிசையில் இருக்கிறது. தேடிப் பழகவும்’ என்று எழுதினார். ஏழாம் கேள்வியைத் தொடவில்லை, அதைப் பற்றிப் பேசவுமில்லை.

முதலில் ஒத்திகையாக மறுமதிப்பீட்டை ஓட்டினேன். மதிப்பெண்ணை மாற்றாமல் எவையெவை மாறும் என்று மட்டும் காட்டும். 23 வரிகள் வந்தன. அம்மா விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார். பிறகு உண்மையாக ஓட்டினோம். பட்டியலில் அவர் பெயருக்கு எதிரே ‘இப்போது’ என்று இருந்தது.

12 டிசம்பர், செவ்வாய்

மதிப்பெண்கள் போய்ச் சேர்ந்தன. மூன்று மணிக்கு முதலாண்டு மாணவன் ஒருவன் வந்து, தானும் ஒகரமும் ளகரமும்தான் போட்டேன், தனக்கு மட்டும் ஏன் பூஜ்யம் மாறவில்லை என்று கேட்டான். பார்த்தேன், ‘ஒளைவயார்’ என்று இருந்தது. அம்மாவிடம் தொலைபேசியில் சொன்னேன். அவனை உடனே துறைக்கு அனுப்பச் சொன்னார்.