சென்னைக்கென்று ஒரு சாப்பாடு உண்டா?

மதுரைக்குக் கறி தோசையும் ஜிகர்தண்டாவும், விருதுநகருக்கு எண்ணெய் பரோட்டா, திருநெல்வேலிக்கு அல்வா, ஆம்பூருக்கும் திண்டுக்கல்லுக்கும் ஆளுக்கொரு பிரியாணி, ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பால்கோவா. சரி, உங்க சென்னைக்கு என்ன இருக்கு? இதைக் கேட்டுவிட்டு பதிலுக்குக் காத்திருக்காமல் சிரிக்கிற வெளியூர் நண்பர்கள் எனக்கு நிறைய. கேட்கிறவர்களில் பாதிப்பேர் இருபது வருடமாகச் சென்னையில்தான் சம்பாதித்துச் சாப்பிடுகிறார்கள் என்பது வேறு விஷயம்.

என் பதில் இதுதான்: இந்த ஊர் சமைத்ததைவிட, இந்த ஊருக்குப் பிழைக்க வந்தவர்கள் சமைத்ததுதான் அதிகம், என் நாக்கில் தங்கிப்போனவை எல்லாம் அவர்கள் கொண்டுவந்து இறக்கியவைதான். அதற்காக அது சென்னைச் சாப்பாடு இல்லை என்று ஆகிவிடுமா என்ன?

அத்தோ என்கிற பர்மா நூடுல்ஸில் இருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் அதை வேறு எந்த ஊரிலும் இந்த உரிமையோடு கேட்டு வாங்கிச் சாப்பிட முடியாது. 1962-ல் பர்மாவில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. அடுத்தடுத்து வியாபாரங்களை அரசு எடுத்துக்கொள்ள, தலைமுறைகளாக ரங்கூனில் கடை வைத்திருந்த தமிழர்கள் கையில் இருந்ததோடு கப்பலேறி மெட்ராஸ் துறைமுகத்தில் வந்து இறங்கினார்கள். அவர்களில் ஒரு பகுதியினர் பீச் ஸ்டேஷனுக்கு எதிரே கடை போட்டதுதான் பர்மா பஜார். வெளிநாட்டு சென்ட்டும் டேப் ரெக்கார்டரும் விற்ற பஜாருக்குப் பின்னால், செகண்ட் லைன் பீச் பக்கம், சாயங்காலமானால் தள்ளுவண்டிகளில் அத்தோ. இன்றைக்கும் அங்கேதான்.

செய்வதைப் பார்ப்பதே பாதி சாப்பாடு. ஆரஞ்சு நிறத்தில் வெந்து ஆறிய நூடுல்ஸ் ஒரு குவியலாக இருக்கும். அதில் ஒரு பிடி எடுத்து பேசினில் போட்டு, மேலே மெல்லிசாக நறுக்கிய பச்சை முட்டைக்கோஸ், வெங்காயம், பூண்டு வறுத்த எண்ணெய், மிளகாய்த்தூள், உப்பு, புளித்தண்ணீர், கொத்தமல்லி, கடைசியில் பேஜோ என்கிற தட்டை மாதிரியான மொறுமொறுப்பான சமாச்சாரத்தை உள்ளங்கையில் நொறுக்கித் தூவி, கையாலேயே பிசைந்து தட்டில் வைப்பார்கள். அடுப்பே கிடையாது. நூடுல்ஸ் என்றால் சீனச் சட்டியில் நெருப்பு எகிற வதக்க வேண்டும் என்று பழகிய ஆட்களுக்கு முதல் வாய் ஏமாற்றமாகத்தான் இருக்கும், ஆறிப்போனதைக் கொடுக்கிறார்களே என்று தோன்றும், ஆனால் இரண்டாவது வாயில் புளிப்பும் பூண்டும் சேர்ந்து ஏறி, நடுவில் அந்தப் பேஜோ நறுக்கென்று கடிபடும்போது சூட்டைப் பற்றிய நினைப்பே போய்விடும். சூடு வேண்டுமானால் பக்கத்திலேயே வாழைத்தண்டு சூப் இருக்கிறது. பர்மாவில் மொய்ங்கா என்று மீன் போட்டுக் காலையில் சாப்பிடும் குழம்பின் தம்பி இது, இங்கே பெரும்பாலான கடைகளில் மீன் கிடையாது. கொஞ்சம் கெட்டியாக, மிளகு வாசனையோடு, சின்னக் கிண்ணத்தில் வரும், கேட்டால் இன்னொரு கரண்டி ஊற்றுவார்கள்.

அப்புறம் அந்த முட்டை. வேகவைத்த முட்டையைக் கீறி, உள்ளே வறுத்த வெங்காயமும் பூண்டும் மிளகாய்த்தூளும் திணித்து, மேலே புளித்தண்ணீரும் எண்ணெயும் விட்டுக் கையில் கொடுப்பார்கள். முழுசாக வாயில் போட வேண்டும், கடித்துக் கடித்துச் சாப்பிட்டால் சட்டை போச்சு. வெள்ளைச் சட்டையோடு ஆபீஸ் முடிந்து வருகிறவர்கள் முன்னால் குனிந்து, ஒரு கையால் டையைப் பின்னால் தள்ளிக்கொண்டு இதைச் சாப்பிடும் லாவகத்தைப் பாரீஸ் கார்னரில்தான் பார்க்க முடியும்.

இதே சாமானை இப்போது ஏசி ரெஸ்டாரண்டுகளில் கண்ணாடிக் கிண்ணத்தில் வைத்து, மேலே ஒரு புதினா இலை செருகிக் கொடுக்கிறார்கள். ஒன்றில் சாப்பிட்டேன், எந்தக் கடை என்று சொல்ல மாட்டேன். முட்டைக்கோஸை வதக்கியிருந்தார்கள். பில்லைப் பார்த்தபோது ரங்கூனுக்கே கப்பல் டிக்கெட் எடுத்த மாதிரி இருந்தது.

திருவல்லிக்கேணிக்கு வருவோம். ரத்னா கஃபே சாம்பார் இட்லியைப் பற்றி எழுதாத ஆள் இல்லை, நானும் எழுதியே தீருவேன். 1948-ல் தொடங்கிய கடை. தொடங்கியது கும்பகோணத்துக்காரரோ உடுப்பிக்காரரோ இல்லை, வட இந்தியாவில் இருந்து வந்து குடியேறிய ஒரு குடும்பம். நம் ஊர் ஆட்கள் சாம்பாருக்கு உதாரணமாகக் கையைக் காட்டும் கடையை நடத்தியது வடக்கத்திக் குடும்பம் என்றால் சிலருக்கு நம்பவே மனசு வராது.

அங்கே இட்லிக்குச் சாம்பார் தொட்டுக்கொள்வது என்கிற பேச்சே இல்லை, இட்லி உள்ளே மூழ்கிக் கிடக்க வேண்டும். தட்டில் இரண்டு இட்லி வைத்து, மேலே சாம்பாரைக் கவிழ்ப்பார்கள், ஸ்பூனால் உடைத்து இரண்டு வாய் சாப்பிடுவதற்குள் இட்லி அதைக் குடித்துவிடும், உடனே ஜக்கோடு ஆள் வந்து நிற்பார், மறுபடி ஊற்றுவார். காய் தேடாதீர்கள். பருப்பு கரைந்து, லேசான இனிப்போடு, சூடு குறையாமல் வரும் சாம்பார். மேன்ஷனில் தங்கி வேலை தேடிக்கொண்டிருந்த காலத்தில், ஒரு பிளேட் இட்லிக்கு எவ்வளவு சாம்பார் குடிக்கலாம் என்று எங்களுக்குள் ஒரு போட்டியே நடந்தது, கடைக்காரர்கள் ஒரு தடவைகூட முகம் சுளிக்கவில்லை. பழைய ருசி இல்லை என்று இப்போது சிலர் சொல்கிறார்கள். எந்தக் காலத்திலும் யாராவது ஒருவர் அப்படிச் சொல்லிக்கொண்டுதான் இருந்திருப்பார் என்பது என் எண்ணம். வேறு ஏரியாக்களில் கிளைகள் வந்துவிட்டன, இருந்தாலும் நான் திருவல்லிக்கேணி ஹைரோடுக்குத்தான் போவேன், அந்த நெரிசல் இல்லாமல் அந்த சாம்பார் இறங்காது.

சிக்கன் 65-ஐ விட்டுவிட்டால் அடிக்க வருவார்கள். மவுண்ட் ரோடு புஹாரி 1951-ல் வந்தது, நிறுவிய ஏ.எம்.புஹாரி கொழும்பில் இருந்துவிட்டு வந்தவர். 1965-ல் அறிமுகப்படுத்தியதால் 65 என்பது அந்த ஓட்டல் சொல்லும் கணக்கு. 65 மிளகாய், 65 நாள் கோழி என்று ஊரில் உலவும் கதைகளைவிட எனக்கு இதுதான் நம்பும்படி இருக்கிறது, ஏனென்றால் அதே மெனுவில் சிக்கன் 78, 82, 90 எல்லாம் இருக்கின்றன. அதையெல்லாம் யாரும் ஆர்டர் செய்து நான் பார்த்ததில்லை. பாவம், அண்ணன் புகழில் தம்பிகள் அமுங்கிப்போய்விட்டார்கள். தெருவோர வண்டிகளில் சிவப்புச் சாயம் போட்டுப் பொரிப்பதும் 65 என்ற பேரில்தான் போகிறது, மழை நாளில் அதற்கும் நான் எதிரி இல்லை.

சௌகார்பேட்டை வேறு உலகம். தங்கசாலைத் தெருவில் மார்வாடி, குஜராத்திக் குடும்பங்களின் இனிப்புக் கடைகள், காகடா ராம்பிரசாத்தில் நெய்யில் பொரித்து பாகில் முக்கிச் சுடச்சுடத் தரும் ஜிலேபி, அதைச் சாப்பிட்டுவிட்டு உடனே ஒரு பாதாம் பால். இதெல்லாம் ஊரறிந்தது. என் ஓட்டு முறுக்கு சாண்ட்விச்சுக்கு. ரொட்டிக்குப் பதிலாக இரண்டு சின்ன முறுக்கு, நடுவில் தக்காளி, வெள்ளரி, புதினாச் சட்னி, மசாலாத் தூள், வேண்டுமென்றால் சீஸ் துருவல். பம்பாய் சாண்ட்விச்சும் நம் முறுக்கும் கல்யாணம் செய்துகொண்டு இந்தத் தெருவில்தான் குடித்தனம் வைத்திருக்கின்றன. கொடுத்த உடனே சாப்பிட வேண்டும், போட்டோ எடுத்துக்கொண்டு நின்றால் முறுக்கு நமத்துவிடும், அப்புறம் கடையைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை.

அங்கிருந்து நடந்தே என்.எஸ்.சி.போஸ் ரோட்டுக்கு வந்தால் சீனா பாய் கடை. சாயங்காலம்தான் திறப்பார்கள். இருப்பது இட்லியும் ஊத்தப்பமும் மட்டும், இரண்டுமே நெய்யும் பொடியுமாக. ஊத்தப்பத்தில் நெய்யை ஊற்றுகிற அளவைப் பார்த்தால் எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு மயக்கமே வரும். வெங்காயம் ஓரத்தில் கருகி, பொடி நெய்யில் ஊறி, மாவு நடுவில் மெத்தென்று இருக்கும். பின்னால் பஸ் ஹாரன் அடிக்கும், பக்கத்தில் நிற்பவர் முழங்கை நம் தட்டில் இடிக்கும், நின்றுகொண்டேதான் சாப்பிட வேண்டும். வட இந்திய வியாபாரிகள் நடுவில் தென்னிந்தியப் பலகாரம் விற்று, அவர்களுடைய நெய்ப் பழக்கத்துக்கு ஏற்ற மாதிரி அதை வளைத்து எடுத்திருக்கிறார்கள் என்பது என் ஊகம்.

மீனுக்கு சேப்பாக்கம் நாயர் மெஸ். கேரளாவில் இருந்து வந்தவர் 1961-ல் ஆரம்பித்தது, கிரிக்கெட் ஸ்டேடியத்துக்குப் பக்கத்துத் தெரு. வாழை இலை, சோறு, மீன் குழம்பு, பக்கத்தில் வஞ்சிரம் வறுவல். குழம்புதான் முக்கியம். நம் வீட்டு மீன் குழம்பு அளவுக்குப் புளி தூக்கலாக இருக்காது, சோற்றில் சேர்ந்து ஓடிக்கொள்கிற பதம். மேட்ச் நாளில் போகாதீர்கள், இடம் பிடிப்பது டிக்கெட் வாங்குவதைவிடக் கஷ்டம். வஞ்சிரம் விலையைக் கேட்டுவிட்டு ஆர்டர் செய்வது உத்தமம், சந்தையில் மீன் விலை ஏறினால் தட்டிலும் ஏறும்.

மயிலாப்பூரைப் பற்றி ஒரு தனிப் பதிவே போடலாம் என்பதால் இங்கே வேகமாகத் தாண்டுகிறேன்: ராயர் மெஸ்ஸின் கெட்டிச் சட்னி, கோயில் பக்கம் காளத்தி பேப்பர் கடையில் ரோஸ் மில்க். காளத்தி 1927-ல் இருந்து இருக்கிற கடை. பத்திரிகை வாங்க வந்தவர்களுக்கு ரோஸ் மில்க் விற்றது போக, இப்போது ரோஸ் மில்க் குடிக்க வருகிறவர்கள் போனால் போகிறதென்று ஒரு பத்திரிகை வாங்குகிறார்கள்.

போய்ச் சாப்பிட முடியாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கதீட்ரல் ரோட்டில் உட்லண்ட்ஸ் டிரைவ்-இன். 1962-ல் திறந்து 2008-ல் மூடினார்கள், இப்போது அங்கே செம்மொழிப் பூங்கா. உடுப்பிக்காரர் கிருஷ்ணா ராவ் உருவாக்கிய உட்லண்ட்ஸ் வரிசையில் ஒன்று. மரத்தடியில் கார் நிற்கும், ஜன்னல் கண்ணாடியில் தட்டை மாட்டிவிட்டுப் போவார்கள், அதில் தோசையும் காபியும். எங்களிடம் கார் இல்லை, மாமாவின் ஸ்கூட்டரில் போய் உள்ளே மேஜையில்தான் உட்கார்ந்தோம், கார்க்காரர்களின் தட்டையே பார்த்துக்கொண்டு. அங்கே சாப்பிட்ட பட்டூராவின் அளவு இன்னும் கண்ணில் நிற்கிறது, அதை எந்தப் பக்கத்தில் இருந்து உடைப்பது என்று தெரியாமல் மாமா முகத்தைப் பார்த்ததும்.

இவ்வளவும் சொன்ன பிறகு அந்த நண்பர்கள் விட மாட்டார்கள். "எல்லாம் வெளியூர்க்காரன் சரக்குதானே, உங்களோடது ஒண்ணாவது சொல்லுப்பா" என்பார்கள். வடகறி என்பேன். மாவட்டம் மாவட்டமாகப் போய் இட்லிக்கு வடகறி கேளுங்கள், பல ஊரில் உங்களை ஒரு மாதிரி பார்ப்பார்கள். இங்கே சைதாப்பேட்டையில் மாரி ஓட்டல் என்று சொன்னாலே போதும். விற்காமல் மிஞ்சிய மசால் வடையை வீணாக்க மனமில்லாமல் உதிர்த்துக் குழம்பில் போட்டதில் பிறந்தது என்பார்கள். அது எப்படியோ, இப்போது நல்ல கடைகளில் கடலைப்பருப்பை ஊறவைத்து, கரகரப்பாக அரைத்து, இதற்கென்றே பொரித்தோ ஆவியில் வேகவைத்தோ எடுத்து உதிர்க்கிறார்கள். பட்டை, கிராம்பு, சோம்பு தாளித்து, வெங்காயம் தக்காளி, இஞ்சி பூண்டு வதக்கிய மசாலாவில் அது ஊறி உப்பிக்கொள்ள வேண்டும். முழுக்கக் கரைந்தால் கூழ், கரையாவிட்டால் குழம்பில் போட்ட வடை. நடுவில் எங்கேயோ ஒரு நொடி இருக்கிறது, அதில் அடுப்பை அணைக்கத் தெரிந்த ஆள் கையில்தான் ருசி.

செட் தோசையோடு கேளுங்கள். தோசை மெத்தென்று இருப்பதால் மசாலாவை நன்றாக உறிஞ்சும், மொறு தோசைக்கு வடகறி ஒத்து வராது, இதில் என்னோடு சண்டை போட விரும்புகிறவர்கள் தாராளமாகப் போடலாம். காலையில் சீக்கிரம் போங்கள், எட்டரைக்கு மேல் போனால் "வடகறி முடிஞ்சிருச்சு சார், சாம்பார் இருக்கு" என்பார்கள்.